தில்லியிலிருந்து பனிநடை: காலில் எதைக் கட்டுவது, எப்போது திரும்புவது

தில்லியில் தமிழர் குழுக்கள் பனி ட்ரெக்குக்குத் தேதி குறிப்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். ஜனவரி 26 வெள்ளியிலோ திங்களிலோ விழுகிறதா என்று பார்ப்பார்கள். விழுந்தால் உடனே டேராடூனுக்கு டிக்கெட். பொங்கலுக்கே லீவு கிடைக்காத ஊரில் வேறு வழியும் இல்லை. ஆனால் பனி நம் லீவு நாளைக் கேட்டு விழுவதில்லை. மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகி மேற்கிலிருந்து நகர்ந்து வரும் காற்றுச் சுழற்சியை வானிலைத் துறை ‘மேற்கத்திய இடையூறு’ என்கிறது. அது வந்தால்தான் உத்தராகண்டின் கர்வால் மலைப்பகுதியிலும் இமாச்சலிலும் பனி விழும். டிசம்பர் கடைசியில் போய் வெறும் புல்லையும் சேற்றையும் படம் எடுத்துக்கொண்டு திரும்பியவர்கள் நிறையப் பேர். ஜனவரி பிற்பாதி முதல் பிப்ரவரி முடிய நம்பிப் போகலாம்.

இன்னொரு பக்கமும் உண்டு. பனி கொட்டி முடிந்த முதல் ஒன்றிரண்டு நாள்தான் சரிவு இடியும் ஆபத்து மிக அதிகம். புதுப்பனி கீழே உள்ள பழைய அடுக்கோடு ஒட்டிக்கொள்ள நேரம் வேண்டும். இடையூறு கடந்த மறுநாள் தில்லியில் வடமேற்குக் காற்று வீசி, வானம் சற்றுத் தெளிந்து, குளிர் பல்லைக் கிட்டும். அந்த நாளில் ஆர்.கே.புரத்தில் உட்கார்ந்து ‘இப்போதே கிளம்பிவிடலாம்’ என்று தோன்றுவது இயல்பு. இரண்டு நாள் பொறுத்துப் போவதுதான் சரி. அதனால் ஒரே வார இறுதியை மட்டும் நம்பித் திட்டம் போடாதீர்கள். அடுத்தடுத்து இரண்டு வார இறுதிகளைக் கையில் வைத்துக்கொண்டு, டேராடூன் வானிலை மையத்தின் அறிக்கையைப் பார்த்து, புதன்கிழமை முடிவெடுங்கள். டிக்கெட் ரத்துக்குப் போகும் பணத்தைப் பயணச் செலவில் முதலிலேயே சேர்த்துவிட்டால் யாருக்கும் மனம் நோகாது.

முதல் முறை போகிறவர்களுக்கு நாக் டிப்பா போதும். 3,022 மீட்டர், பந்த்வாரி கிராமத்திலிருந்து ஏற்றம், ஒரு இரவு கூடாரம். கேதார்காந்தா 3,810 மீட்டர். சாங்க்ரியிலிருந்து ஏற வேண்டும், கோவிந்த் வனவிலங்குப் பகுதிக்குள் வருவதால் வனத்துறை நுழைவுக் கட்டணம் உண்டு. சோப்தாவிலிருந்து துங்கநாத் கோயிலுக்கு ஏறுவது சுலபம் என்று கோடையில் போய்வந்தவர்கள் சொல்வதைப் பனிக்காலத்துக்கு அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். குளிர்காலத்தில் கோயில் நடை சாத்தி, உற்சவர் கீழே மக்குமத் கிராமத்துக்குப் போய்விடுவார். வழியில் டீக்கடை ஒன்றும் இருக்காது. கல் பாவிய பாதை பனிக்குள் மறைந்து, சரிவைக் குறுக்கே வெட்டிப்போகும் இடங்கள் வழுக்கும். சோப்தா வரை வண்டி போகாமல் சில கிலோமீட்டர் முன்பே இறக்கிவிடுவதும் நடக்கும். பனியில் கால் புதையாமல் இருக்க பூட்ஸுக்கடியில் கட்டும் அகன்ற தட்டுதான் ஸ்னோஷூ. அதைக் கட்டி நடக்க ஆசை இருந்தால் தயாரா புக்யால்தான் என் தேர்வு. பார்சூ அல்லது ரைத்தல் கிராமத்திலிருந்து ஏறலாம். மேலே அகன்ற, சாய்வு குறைந்த புல்வெளி முழுக்கப் பனி மூடிக் கிடக்கும்.

இனி கால் விஷயம். காலுக்கடியில் என்ன பனி என்று பார்த்துத்தான் எதைக் கட்டுவது என்று முடிவு செய்ய வேண்டும். பலர் விளம்பரப் படத்தைப் பார்த்து முடிவு செய்கிறார்கள்.

யாரும் நடக்காத புதுப்பனியில் ஒவ்வோர் அடிக்கும் கால் முட்டிக்குக் கீழ் பாதி வரை புதைந்தால் ஸ்னோஷூ வேண்டும். கணுக்கால் அளவுக்கே புதைந்தால் வெறும் பூட்ஸே போதும், ஸ்னோஷூ வீண் சுமை. கேதார்காந்தா போன்ற கூட்டம் மிகுந்த பாதையில் இரண்டும் இல்லை. நூற்றுக்கணக்கான பூட்ஸ்கள் மிதித்து மிதித்து, பகலில் இளகி இரவில் உறைந்து, பாதை கண்ணாடி மாதிரி ஆகியிருக்கும். அங்கே ஸ்னோஷூவால் பயனில்லை. ரப்பர் வளையத்தில் சங்கிலியும் சிறு முட்களும் கோத்த மைக்ரோஸ்பைக்தான் வேண்டும். இதைவிடச் செங்குத்தான உறைந்த சரிவு என்றால் கிராம்பான் (பூட்ஸில் கட்டும் நீண்ட இரும்பு முட்கள்), ஐஸ் ஆக்ஸ் (பனிக்கோடரி), அவற்றைப் பழகிய கை என்று எல்லாம் தேவை. வார இறுதிக் குழுவுக்கு அது வேலை இல்லை, திரும்பிவிடலாம்.

ஸ்னோஷூவின் அளவை உடல் எடையோடு பையின் எடையையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும். 65 கிலோ ஆள், 12 கிலோ பை என்றால் 77 கிலோ. பொதுவாக 25 அங்குலம் இதற்குச் சரியாக வரும். வாடகைக்கு எடுக்கும்போது பட்டைகளை இழுத்துப் பாருங்கள். குளிரில் முதலில் வெடிப்பது பட்டைதான். பூட்ஸின் முன்பாதம் சுழலும் அச்சுக்கு நேர் மேலே இருக்க வேண்டும், குதிகால் தூக்கினால் எழ வேண்டும். பூட்ஸ் பின்னுக்குத் தள்ளி இருந்தால் முன்நுனி பனியில் குத்தி ஆளைக் கவிழ்க்கும். கொக்கிகள் எப்போதும் காலின் வெளிப்பக்கம் வரட்டும். உள்பக்கம் வந்தால் ஒன்றோடொன்று மாட்டும். நடையைக் கொஞ்சம் அகட்டி வைத்தால் போதும், காலை உயரத் தூக்க வேண்டாம். ஏற்றத்தில் குதிகாலுக்கடியில் உள்ள கம்பியை நிமிர்த்திவிட்டால் கெண்டைக்கால் வலி பாதியாகும். இறக்கத்தில் அதை மடக்கிவிட்டு, முட்டியை லேசாக மடித்து, எடையைக் குதிகாலில் வையுங்கள். ஸ்னோஷூவோடு பின்னால் நடக்க முடியாது. திரும்ப வேண்டுமென்றால் வட்டமடித்துத்தான் திரும்ப வேண்டும். சரிவைக் குறுக்கே கடப்பதுதான் அதற்குப் பிடிக்காத வேலை. அகன்ற தட்டு சாய்வில் நழுவும். அப்படிப்பட்ட இடத்தில் நேராக ஏறி, நேராக இறங்கும் வழி தேடுங்கள். கைக்கோலின் நுனியில் அகன்ற பனித்தட்டு இல்லையென்றால் கோல் கைப்பிடி வரை உள்ளே போய்விடும்.

புதுப்பனியில் வழி வெட்டுகிறவருக்குத்தான் உழைப்பு முழுவதும். முன்னால் போகிறவர் ஐந்து முதல் பத்து நிமிடம் வழி வெட்டிவிட்டு ஓரமாக ஒதுங்கி, வரிசையின் கடைசியில் சேர்ந்துகொள்ள வேண்டும். வீரம் காட்ட ஒருவரே ஒரு மணி நேரம் முன்னால் போனால், அவர் வியர்த்துக் கொட்டி, உட்கார்ந்த உடனே நடுங்க ஆரம்பிப்பார்.

மைக்ரோஸ்பைக்கில் கெடுவது இரண்டு. கட்டைவிரல் பக்கம் ரப்பர் கிழியும், குறிப்பாகப் பாறையில் நடந்தால். ஈரப்பனியில் முட்களுக்கிடையே பனி உருண்டை பிடித்துக்கொள்ளும். பிடித்தால் பிடிமானம் போய்விடும். கோலால் பூட்ஸின் ஓரத்தில் ஒரு தட்டு தட்டினால் விழும். இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: ஸ்பைக் மாட்டிய காலோடு பனியில் உட்கார்ந்து சறுக்கி விளையாடாதீர்கள். முள் பனியில் மாட்டிக் கால் நிற்கும், உடல் போய்க்கொண்டே இருக்கும். கணுக்கால் உடைவது இப்படித்தான். உச்சியிலிருந்து இறங்கும்போது வீடியோவுக்காக இதைச் செய்கிறவர்கள் ஒவ்வொரு சீசனிலும் இருக்கிறார்கள்.

பூட்ஸை மாலையில், தடித்த சாக்ஸோடு போட்டுப் பார்த்து வாங்குங்கள். பாதத்தை முழுக்க முன்னால் தள்ளினால் குதிகாலுக்குப் பின்னே ஒரு விரல் நுழைய வேண்டும். இறுக்கமான பூட்ஸுக்குள் இரண்டு சாக்ஸ் போட்டால் குளிர் குறையாது, கூடும். ரத்த ஓட்டம் நெரிபடுவதுதான் காரணம். பூட்ஸின் வாயை மூடிக் கெண்டைக்காலில் கட்டும் உறையான கெய்ட்டர் இல்லாமல் கிளம்ப வேண்டாம். பூட்ஸின் வாய் வழியாக உள்ளே போகும் பனி உருகினால் அன்றைய நடை அத்தோடு சரி.

உடுப்பில் தில்லிக்காரர்கள் செய்யும் தவறு, தில்லிக் குளிருக்கு உடுப்பதைப் போலவே மலைக்கும் உடுப்பது. பனிப்புகைக்குள் பஸ் ஸ்டாப்பில் நிற்க ஜாக்கெட் வேண்டும். 10 கிலோ சுமையோடு ஏறுகிறவருக்கு வேண்டாம். கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். பத்து நிமிடத்தில் சூடாகிவிடும். கிளம்பும்போதே கதகதப்பாக இருந்தால் அரை மணியில் உள்பனியன் நனைந்துவிடும். அந்த ஈரம் நின்ற இடத்தில் உங்கள் சூட்டை உறிஞ்சும். பருத்தி பனியன், ஜீன்ஸ் இரண்டையும் வீட்டிலேயே விடுங்கள். சந்தையில் ‘இன்னர்’ என்று தருவதில் பாதிக்கு மேல் பருத்தி கலந்திருக்கும். லேபிளைப் பாருங்கள், பாலியெஸ்டர் அல்லது மெரினோ கம்பளி என்று இருக்க வேண்டும். அதன்மேல் ஒரு ஃப்ளீஸ், காற்றும் ஈரமும் புகாத மேலுறை. இறகோ செயற்கைப் பஞ்சோ அடைத்த ஜாக்கெட் பையின் மேல்பகுதியில் இருக்கட்டும், நின்றவுடன் எடுத்துப் போட. கையுறை மெல்லியது ஒன்று, அதன்மேல் தடித்தது ஒன்று. கூடவே ஒரு மாற்று ஜோடி. கைக்குட்டையைக் கண்ணில் கட்டிச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். புதுப்பனி புறஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். பக்கவாட்டையும் மறைக்கும் கறுப்புக் கண்ணாடி ஒவ்வொருவருக்கும் வேண்டும்.

தூங்கும் பையை மலையில் முதல்முறை பிரிக்காதீர்கள். ஜனவரியில் தில்லி மொட்டை மாடியே 5 டிகிரிக்குக் கீழே போகும். ஒரு இரவு அங்கே படுத்துப் பாருங்கள், மாசு குறைந்த நாளாகப் பார்த்து. பையில் எழுதியிருக்கும் வெப்பநிலை எண்களில் ‘கம்ஃபர்ட்’ எண்தான் கணக்கு. ‘எக்ஸ்ட்ரீம்’ என்பது உயிர் தப்பும் அளவு மட்டுமே. 3,400 மீட்டரில் இரவு மைனஸ் 10-ஐத் தொடுவது சாதாரணம். பாதிக் குளிர் தரையிலிருந்து வரும். பை எவ்வளவு நல்லதானாலும் உங்கள் எடையில் கீழ்ப்பக்கம் நசுங்கிவிடும் என்பதால், பாயை இரண்டு அடுக்காகப் போடுங்கள். மூக்கைப் பைக்குள் விட்டுத் தூங்கினால் மூச்சின் ஈரம் உள்ளே தங்கிக் காலையில் நசநசக்கும். கொதித்த தண்ணீரை இறுக மூடும் பாட்டிலில் ஊற்றி, சாக்ஸுக்குள் போட்டுக் காலடியில் வைத்துக்கொள்ளுங்கள். செல்போன், பவர்பேங்க், தலைவிளக்கின் பேட்டரி எல்லாம் பைக்குள் உங்களோடு.

பகலில் பாட்டிலைத் தலைகீழாகச் செருகுங்கள். உறைவது மேலிருந்துதான் தொடங்கும், மூடி பக்கம் தண்ணீராகவே இருக்கும். குழாய் வைத்த தண்ணீர்ப் பை குழாயிலேயே உறைந்துவிடும். நுண்துளை நூல்கள் வைத்த தண்ணீர் வடிகட்டி ஒருமுறை உறைந்தால் உள்ளே வெடித்திருக்கும். வெளியே தெரியாது, அதை நம்பக்கூடாது. பியூட்டேன் மட்டும் உள்ள சிறு கேன் உறைநிலைக்குக் கீழே எரியாது. புரொப்பேன் கலந்ததைக் கேளுங்கள். ரயிலில் கொண்டுபோக அனுமதி இல்லை, டேராடூனில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சாப்பாடு நம் ஆட்கள் மிகவும் கவலைப்படும் விஷயம். புளியோதரை கட்டிக்கொண்டு போனால் மதியத்துக்குள் சோறு கல்லாகிவிடும். வேகவைத்த அரிசி குளிரில் இறுகும் இயல்பு அது. புளிக்காய்ச்சலை மட்டும் எடுத்துப்போய், அவலை வெந்நீரில் ஊறவைத்துக் கலந்துகொள்ளலாம். வறுத்த ரவையில் தாளிதம் சேர்த்த உப்புமா மிக்ஸும் நன்றாக வரும். 3,400 மீட்டரில் தண்ணீர் ஏறக்குறைய 89 டிகிரியிலேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் அரிசியும் பருப்பும் வேகாது. தேங்காய் எண்ணெய் தில்லியிலேயே உறைந்துவிடுகிறது, நல்லெண்ணெயே துணை. கடலைமிட்டாய், பேரீச்சை இரண்டையும் நடக்கும்போதே எட்டும் பாக்கெட்டில் வையுங்கள். கையுறையைக் கழற்றிப் பையைத் திறக்க யாரும் சோம்பல்படுவார்கள்.

பயிற்சிக்கு முனிர்க்கா, வசந்த் குஞ்ச் பக்கம் இருப்பவர்களுக்கு சஞ்சய் வனம் இருக்கிறது. காற்றுத் தரக் குறியீடு 300-ஐத் தாண்டிய நாள்களில் அங்கே போகாமல், குடியிருப்பின் மாடிப்படியில் சுமையோடு ஏறி இறங்குங்கள்.

பன்னிரண்டு பேருக்கு மேல் ஒரே வரிசையாகப் போகக்கூடாது. முன்னால் உள்ளூர் வழிகாட்டி, கடைசியில் வழி தெரிந்த ஒருவர். கடைசி ஆளை யாரும் பின்னுக்கு விட்டுவிட்டுப் போகக்கூடாது. பனிச்சரிவு பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சாய்வில்தான் இடிகிறது. செல்போனில் சாய்வு காட்டும் செயலி போதும், கோலைச் சரிவின்மேல் கிடத்தி அதன்மேல் போனை வைத்து அளக்கலாம். அத்தகைய சரிவின் அடியிலும், ஓடைக்குழிவுகளிலும் உட்கார்ந்து சாப்பிடாதீர்கள். பாதுகாப்புத் துறையில் பனிச்சரிவை ஆராயும் டிஜிஆர்இ நிறுவனம் வெளியிடும் பனிச்சரிவு எச்சரிக்கையில் நீங்கள் போகும் மாவட்டத்தின் பெயர் இருந்தால், அந்த வாரம் வேண்டாம்.

3,000 மீட்டருக்கு மேல் படுக்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக்கூடாது. தலைவலியோடு வாந்தியோ தள்ளாட்டமோ சேர்ந்தால் மலைநோய். மேலே ஏறுவதை நிறுத்த வேண்டும், தள்ளாட்டம் இருந்தால் இரவானாலும் கீழே இறக்க வேண்டும். அசெட்டசோலமைட் 125 மில்லிகிராம் தினம் இருவேளை என்பது தடுப்புக்கு வழக்கமான அளவு. ஆனால் சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் இருக்கிறார்கள், மருத்துவரைக் கேட்காமல் குழுவுக்குள் மாத்திரையைப் பங்கு போடாதீர்கள். நடுங்கிக்கொண்டிருந்தவர் நடுக்கம் நின்று, பேச்சு குழறி, ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்றால் அப்போதுதான் பயப்பட வேண்டும். ஈர உடுப்பை மாற்றி, உலர்ந்த தூங்கும் பைக்குள் படுக்கவைத்து, விழுங்க முடிந்தால் சர்க்கரை போட்ட சூடான பானம் கொடுங்கள். ரம் கூடாது. தோலுக்கு ரத்தம் பாய்ந்து சூடு இருப்பதுபோல் தோன்றும், உள்சூடு வெளியேறும்.

திரும்பும் நேரத்தை முதல்நாள் இரவே எல்லோர் காதிலும் விழச் சொல்லுங்கள். கர்வாலில் ஜனவரியில் ஐந்தரை மணிவாக்கில் இருட்டத் தொடங்கும், பள்ளத்தாக்கில் அதற்கும் முன்பே வெயில் போய்விடும். பகல் ஒரு மணி என்று வைத்தால், ஒரு மணிக்கு உச்சி ஐம்பது அடி தூரத்தில் இருந்தாலும் திரும்ப வேண்டும். மூன்று மணிக்கு எழுந்து சூரிய உதயத்துக்கு ஓடுவதும் அவசியமில்லை. ஆறு மணிக்குக் கிளம்பினால் உச்சியில் கூட்டம் இறங்கியிருக்கும், பாதையில் ஸ்பைக் பிடிக்கும் அளவுக்குப் பனி இறுகியும் இருக்கும்.

வீடு வந்ததும் ஸ்பைக்கைக் கழுவித் துடைத்து எண்ணெய் தடவுங்கள், இல்லாவிட்டால் சங்கிலி ஒரே வாரத்தில் துருப்பிடிக்கும். தூங்கும் பையைச் சுருட்டி அடைக்காமல், கொடியில் இரண்டு நாள் உலர்த்திப் பெரிய துணிப்பையில் தளர்த்தியாகப் போட்டு வையுங்கள். தில்லி ஜனவரி வெயிலில் ஒரே நாளில் உலராது.