விடுமுறைக் கால ஈரக்குப்பை: ஒரு கூண்டு, எட்டு சாக்கு சருகு, பத்து வாரம்

விடுமுறை வாரங்களில் ஈரக்குப்பை ஒரேயடியாகக் குவியும். அதை மக்க வைக்கத் தேவையான காய்ந்த சருகு அந்த நேரத்தில் தேடினால் கிடைக்காது. தெருமுனையில் மூட்டைகள் அழுகி வழிவதற்கும், பொதுத் தொட்டிகள் நாறுவதற்கும் பாதிக் காரணம் இதுதான். இந்தக் குறிப்பு 2 வாரத்தில் வந்த 150 கிலோ ஈரக்குப்பையை ஒரே கம்பிக்கூண்டில் மக்க வைத்துப் பார்த்தது பற்றி.

மூன்று வாரம் முன்னதாக: சருகு

முதலில் கணக்கு. காய்கறிக் கழிவும் மிச்ச உணவும் கலந்த ஈரக்குப்பையில் சுமார் 80 சதவீதம் தண்ணீர். அதன் கார்பன்–நைட்ரஜன் விகிதத்தை (ஒரு பங்கு நைட்ரஜனுக்கு எத்தனை பங்கு கார்பன் என்பதை) 15க்கு 1 என்று வைத்துக்கொள்ளலாம். நன்றாகக் காய்ந்த சருகில் தண்ணீர் 10 சதவீதம், விகிதம் 60க்கு 1. கலவை மக்குவதற்கு ஏற்ற 30க்கு 1 ஆக வேண்டுமானால் 10 கிலோ ஈரக்குப்பைக்கு 4.4 கிலோ சருகு போட வேண்டும். அப்படிப் போட்டால் ஈரப்பதமும் தானாகவே 58 சதவீதத்தில் வந்து நிற்கிறது. மக்குக்கு (மக்கி வரும் உரத்துக்கு) வேண்டியது 50 முதல் 60 வரை.

சருகை மிச்சம் பிடித்து 2.5 கிலோ மட்டும் போட்டால் என்ன ஆகும்? விகிதம் 25க்கு 1 வரும், காகிதத்தில் பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் ஈரப்பதம் 66 சதவீதத்துக்கு ஏறிவிடும். இடுக்குகளில் காற்று இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் உட்கார்ந்துகொள்ளும். விகிதம் சரிதானே, ஏன் நாறுகிறது என்று குழம்புகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சிக்குகிறார்கள்.

தராசு இல்லையென்றால் வாளிக் கணக்கு: ஒரு வாளி ஈரக்குப்பைக்கு நொறுக்கிய சருகு இரண்டு வாளி, நொறுக்காததானால் மூன்று நான்கு வாளி. நொறுக்குவதே நல்லது. சாக்கில் கட்டி, தரையில் போட்டு, மேலே ஏறி நன்றாக மிதித்தால் போதும்.

150 கிலோவுக்கு 66 கிலோ சருகு வேண்டும். பெரிய சாக்கில் மிதித்து அடைத்தால் 8 கிலோ பிடிக்கும்; 8 சாக்கு சேர்ந்ததும் நிறுத்தியாயிற்று. அதாவது 64 கிலோ. அந்த 2 கிலோ குறைவு பெரிதல்ல, பின்னால் கழுத்தை அறுத்தது வேறு ஒன்று. (சருகைக் கூட்டி எரிப்பவர்கள் புகையைக் கிளப்புவதோடு, மூன்று வாரம் கழித்துத் தேவைப்படப்போகும் ஒரே பொருளையும் சாம்பலாக்குகிறார்கள்.)

நாள் 0: கூண்டு

அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ், 1 மீட்டர் அகலம், 3.6 மீட்டர் நீளம். வளைத்து, 15 சென்டிமீட்டர் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி நாலு இடத்தில் கட்டுக்கம்பியால் முறுக்கினால் சுமார் 1.1 மீட்டர் குறுக்களவுள்ள உருளை கிடைக்கும். கொள்ளளவு ஒரு கனமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இதைவிடச் சிறியதாகச் செய்தால் உள்ளே பிறக்கும் சூடு பக்கவாட்டில் வடிந்துவிடும். அடியிலும் அதே வலையைப் போட வேண்டும், எலி பக்கவாட்டில் முயல்வதைவிட அடியில் தோண்டித்தான் நுழையப் பார்க்கும். நடுவில் 4 அங்குல பிவிசி குழாய், 1.2 மீட்டர் உயரம், 10 சென்டிமீட்டருக்கு ஒரு துளை வீதம் சுற்றிலும் போட்டது. வலைக்கு மேல் 20 சென்டிமீட்டருக்குக் குச்சியும் சுள்ளியும். இந்தப் படுக்கைதான் கூண்டின் மூக்கு. இதைத் தவிர்த்துவிட்டு மேலே எவ்வளவு கிளறினாலும் அடிப்பாகம் புளித்துப்போகும்.

இடம் நேரடியாக மண்தரையாக இருப்பது நல்லது. சிமென்ட் தரையில் வைத்தால் கசிவு நீர் ஓடிப் பரவும்.

நாள் 1 முதல் 5

முதல் நாள் 30 கிலோ ஈரக்குப்பை, 13 கிலோ சருகு. மூன்றாம் நாள் 20க்கு 9. ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு மண்வாரி பழைய மக்கு தூவியது. நல்ல தோட்டமண்ணும் ஆகும். மேலே எப்போதும் 5 சென்டிமீட்டர் சருகுப் போர்வை. போர்வை விலகிய இடத்தில்தான் பழ ஈ மொய்க்கிறது.

ஈரம் பார்க்கக் கருவி தேவையில்லை. நடுவிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு சொட்டு எட்டிப்பார்க்க வேண்டும். ஒழுகினால் அதிகம். கையைத் திறந்ததும் பொலபொலவென்று உதிர்ந்தால் குறைவு.

வெப்பம், நடுவில் அரை மீட்டர் ஆழத்தில்: மூன்றாம் நாள் 44 டிகிரி, ஐந்தாம் நாள் 58. நீளக் கம்பி வெப்பமானி இல்லாதவர்கள் ஓர் இரும்புக் கம்பியைப் பத்து நிமிடம் செருகி வைத்து உருவிப் பார்க்கலாம். பிடித்துக்கொண்டிருக்க முடியாத சூடு என்றால் 50ஐத் தாண்டியாயிற்று.

நாள் 6: சறுக்கல்

ஒரே நாளில் 60 கிலோ. அதற்கு 26 கிலோ சருகு வேண்டும். திறந்த இடத்தில் வைத்திருந்த இரண்டு சாக்குகள் மழையில் ஊறியிருந்தன, எடுத்த வரைக்கும் 18 கிலோதான் தேறியது. மீதிக்கு 8 கிலோ அட்டைப்பெட்டி. கார்பன் கணக்குப்படி அட்டை சருகைவிட வலுவானது, ஆகவே சரியாகத்தான் இருக்க வேண்டும். இல்லை. அவசரத்தில் அட்டையைத் தட்டையாக விரித்தே போட்டதுதான் தவறு.

எட்டாம் நாள் வெப்பம் 41. அழுகிய முட்டை நாற்றம். கவைக்கோலால் ஒரு பக்கம் விலக்கிப் பார்த்தால், அட்டைகள் ஈரத்தில் ஊறி ஒன்றோடொன்று ஒட்டி, தோல் செருப்பின் அடித்தட்டுப் போல ஒரே தகடாகியிருந்தன. அதற்கு மேல் சாதாரண மக்கு. கீழே கன்னங்கரேலென்று, தொட்டால் வழுக்கும் கூழ். தகடு காற்றை மறித்ததும் அடியில் ஆக்ஸிஜன் தீர்ந்து, காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் பொறுப்பை எடுத்துக்கொண்டன. முட்டை நாற்றம் அவற்றின் கைவேலை.

நாற்றத்தில் இரண்டு வகை உண்டு, மருந்தும் வேறு வேறு. மூக்கைக் குத்தும் அமோனியா நெடி என்றால் நைட்ரஜன் மிகுதி, சருகு சேர்த்தால் அடங்கும். முட்டை நாற்றம் என்றால் காற்றுப் பஞ்சம். அப்போது சருகை மேலே கொட்டுவதில் பயனில்லை, கிளறித்தான் ஆக வேண்டும்.

செய்தது: கட்டுக்கம்பியை அவிழ்த்து வலையைக் கழற்றி, பக்கத்தில் நிறுத்தி, குவியலைக் கவைக்கோலால் மறுபடி உள்ளே போட்டது. வெளிப்பக்கம் இருந்தது நடுவுக்கு, நடுவில் இருந்தது வெளியே. அட்டைத் தகட்டைக் கையால் உள்ளங்கை அளவுக்குக் கிழித்துக் கசக்கிப் போட்டாயிற்று. இடையிடையே விரல் பருமன் சுள்ளிகள். இரண்டு பேருக்கு ஒரு மணி நேர வேலை. நாற்றம் மறுநாளே பாதியாகிவிட்டது. பத்தாம் நாள் வெப்பம் 61.

ஊறிய இரண்டு சாக்கும் வெயிலில் காய்ந்து பிறகு பயன்பட்டன. சருகுச் சாக்குக்குக் கூரை வேண்டும்.

வந்த குப்பையில் பிரிக்க வேண்டியவை

பரிசு சுற்றிய காகிதம்: கசக்கி விட்டுப் பார்க்க வேண்டும். கசங்கியபடியே இருந்தால் காகிதம். மெதுவாக விரிந்து எழுந்தால் பிளாஸ்டிக் படலம். மினுக்குத் தூள் ஒட்டியது எதுவும் வேண்டாம், அந்தத் தூளில் பெரும்பாலானது பிளாஸ்டிக். சுத்தமான காகிதத்தை மக்குக்குப் போடுவதே வீண், பழைய காகிதத்துக்குக் கொடுத்துவிடலாம். எண்ணெய் பட்ட காகிதமும் கைத்துடைப்புத் தாளும் கூண்டுக்கு.

காகிதக் கப் காகிதம் அல்ல, உள்ளே பாலிஎத்திலீன் பூச்சு. கரும்புச் சக்கைத் தட்டைக் கிழித்துப் போட்டால் மக்கும்; முழுதாகப் போட்டால் ஒன்றுக்குள் ஒன்று அடங்கி அட்டை செய்த வேலையைச் செய்யும். ‘மக்கும்’ என்று அச்சிட்ட பிஎல்ஏ (தாவரச் சர்க்கரையிலிருந்து செய்யும் பிளாஸ்டிக்) ஸ்பூன்களுக்கு 60 டிகிரி அளவுக்கு வாரக்கணக்கில் தொடர்ந்து சூடு வேண்டும். வீட்டுக் கூண்டு அவ்வளவு நாள் அந்தச் சூட்டில் நிற்காது. கடை ரசீதின் வழவழப்புத் தாளையும் ஒதுக்க வேண்டும், அதன் பூச்சில் வேதிப்பொருள் இருக்கிறது.

பூக்கள் அருமையான சரக்கு. ஆனால் நாரில் கட்டியதா நைலான் நூலில் கட்டியதா என்று பார்க்க வேண்டும். பூங்கொத்தின் அடியில் இருக்கும் பச்சை நுரைக்கட்டி பிளாஸ்டிக்தான். பழங்களில் ஒட்டிய சிறு ஸ்டிக்கரும் அப்படியே.

நாள் 14 முதல் 24

மீதி 40 கிலோ, 17.5 கிலோ சருகுடன், 14ஆம் நாளுக்குள் உள்ளே போய்விட்டது. அன்று வெப்பம் 64. 70ஐத் தொட்டால் வேலை செய்கிற நுண்ணுயிர்களே சாகத் தொடங்கும், அதற்குமுன் கிளறிவிட வேண்டும். 55க்கு மேல் மூன்று நாள் நின்றால் நோய்க்கிருமிகள் பெரும்பாலும் ஒழியும். ஆனால் ஓரத்தில் கிடப்பது அந்தச் சூட்டைப் பார்ப்பதே இல்லை. வெளியை உள்ளே மாற்றிக் கிளறுவதன் காரணம் அதுதான். கிளறல் 17ஆம் நாளும் 24ஆம் நாளும்.

வெளிர் பழுப்பில் தடித்த புழுக்கள் ஓரங்களில் தென்பட்டன. கருப்பு சிப்பாய் ஈயின் புழு. தீங்கில்லை, மிச்ச உணவை வேகமாகத் தின்னும். மருந்தடிக்கவே கூடாது. நிறைய இருந்தால் ஈரம் கொஞ்சம் கூடியிருக்கிறது என்று பொருள்.

வாரம் 5 முதல் 10

கிளறியும் சூடு ஏறாமல் போனதும் அப்படியே ஆற விட்டாயிற்று. பிழிந்து பார்த்துக் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். பத்தாம் வாரம் 10 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்ததில் சுமார் 75 கிலோ மக்கு. கறுத்து, மழை பெய்த மண்வாசனையோடு.

முளைப்புச் சோதனை: மக்கும் மண்ணும் சரிபாதி கலந்த ஒரு தட்டு, மண் மட்டும் உள்ள ஒரு தட்டு, இரண்டிலும் 20 முள்ளங்கி விதை. ஐந்தாம் நாள் இரண்டிலும் முளைப்பு சமமாக இருந்தால் மக்கு முதிர்ந்துவிட்டது. மக்குத் தட்டில் குறைந்தாலோ வேர்நுனி பழுப்பேறினாலோ இன்னும் இரண்டு மூன்று வாரம். இந்த முறை 18, 18.

தெருமரங்களுக்கு: அடிமரத்திலிருந்து 10 சென்டிமீட்டர் விட்டு, இலைக் குடையின் விளிம்புவரை 3 சென்டிமீட்டர் மக்கு, அதன்மேல் 5 சென்டிமீட்டர் சருகு. அடிமரத்தைச் சுற்றிக் கூம்பாகக் குவித்தால் பட்டை அழுகும். போடுவதற்குமுன், அலங்கார விளக்குக்குக் கட்டிய கம்பியை எல்லா மரத்திலும் அறுத்து எடுக்க வேண்டும். விட்டுவைத்தால் மரம் பருக்கும்போது கம்பி பட்டைக்குள் புதைந்து, இலையில் சமைத்த உணவு வேருக்கு இறங்கும் வழியை நெரிக்கும். ஆணியடித்த இடங்களில் ஆணியைப் பிடுங்கினால் போதும், பூச எதுவும் தேவையில்லை.

சல்லடையின் மேல் நின்றவை: சுள்ளி இரண்டு வாளி (அடுத்த படுக்கைக்கு), முட்டை ஓடு, நைலான் நூல் ஒரு சிறு பந்து, பழ ஸ்டிக்கர் 31, கறை படியாத ஒரு பிஎல்ஏ ஸ்பூன்.