மூன்றா எட்டா

ஆகஸ்ட் 18, 2025

பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது மெசேஜ் வந்தது. போக்குவரத்து அபராதச் சலான் என்று பொய் லிங்க் அனுப்பிக் கணக்கில் இருப்பதைத் துடைத்துவிடுகிறார்கள் என்பதால் அதைத் தொடவில்லை. அரசின் பரிவாகன் தளத்துக்கு நானே போய் வண்டி எண்ணும் சேஸிஸ் எண்ணின் கடைசி ஐந்து இலக்கமும் போட்டுப் பார்த்தேன். உண்மைதான். ஜூன் 11, மாலை 4.37. ஹெல்மெட் இல்லாமல் ஓட்டியதற்கு 1000 ரூபாய். அப்பா பெயர்.

ஜூன் 11. அன்று அப்பா பக்கவாதத்தோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

ஆகஸ்ட் 19

அப்பாவிடம் சொல்லவில்லை. கைப் பயிற்சிப் பந்தை 40 தடவை அமுக்கினார், நேற்றைவிட 5 அதிகம்.

ஆகஸ்ட் 20

படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்ததில் கண் எரிகிறது. பின்பக்கத்திலிருந்து எடுத்த படம். சைலன்சர் தெரிகிறது, செயின் கவர் தெரிகிறது, சேலை மாட்டாமல் இருக்க வைக்கும் கம்பிகூடத் தெரிகிறது. அது பைக். எங்களுடையது ஸ்கூட்டர், அதில் ஏது செயின். ஓட்டுகிறவன் கட்டம் போட்ட சட்டை, முப்பது வயதுகூட இருக்காது. இதையெல்லாம் ஒரு மனிதர் ஒரு தடவை பார்த்திருந்தால் போதுமே.

கடைசி எண்தான் பிரச்சினை. அந்த பைக்கின் கடைசி எண் 3. பிளேட்டை மாட்டிய திருகு சரியாக அந்த 3இன் வாயில் உட்கார்ந்திருக்கிறது, துரு வேறு ஒழுகிக் கீழே இறங்கியிருக்கிறது. சட்டென்று பார்த்தால் 3 மூடிக்கொண்டு 8 ஆகிவிடுகிறது. எங்களுடையது 8.

அப்பா தெருமுனை டீக்கடைக்குப் போனாலும் ஹெல்மெட் போட்டுக்கொண்டுதான் போவார். அம்மா எத்தனை தடவை கேலி செய்திருக்கிறாள். 31 வருஷம் பஸ் ஓட்டியவர், அதில் 19 வருஷம் வத்தலகுண்டு கொடைக்கானல் மலைப்பாதை. டம்டம் பாறைக்கு மேலே பனி இறங்கிவிட்டால் கண்டக்டர் இறங்கி டார்ச் அடித்துக்கொண்டே முன்னால் நடப்பாராம், அப்பா பின்னாலேயே பஸ்ஸை உருட்டிக்கொண்டு போவாராம். ஒரு கேஸ் கிடையாது அவர் மேல். ஒன்றுகூடக் கிடையாது.

ஆகஸ்ட் 21

இன்று பள்ளிக்கூடத்தில் இருந்த இடைவேளை முழுக்க விதிகளைத்தான் படித்தேன். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167ஏ என்று ஒன்று, 2021 ஆகஸ்டில் சேர்த்தது. கேமராவில் பிடித்தால் 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நம்பர் பிளேட் தெளிவாகத் தெரியும் படம் வேண்டும். வழக்கு முடியும்வரை அந்தப் பதிவை வைத்திருக்கவும் வேண்டும். எனக்கு வந்தது 68ஆம் நாள். விரல் விட்டு எண்ணினேன், இரண்டு தடவை.

தளத்திலேயே புகார் போட்டேன். ஆர்.சி. நகல், எங்கள் ஸ்கூட்டரின் படம், அவர்கள் எடுத்த படம், மூன்றையும் ஏற்றினேன்.

ஆகஸ்ட் 22

அண்ணன் திருப்பூரிலிருந்து பேசினான். ஆயிரம் ரூபாய்தானே, நான் ஜிபே பண்றேன், கட்டிட்டு வேலையைப் பார் என்றான். 2022 அக்டோபர் வரைக்கும் இது 100 ரூபாயாகத்தான் இருந்தது, 100 ஆக இருந்தாலும் கட்டமாட்டேன் என்றேன். கட்டினால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 194டி பிரிவில் அபராதத்தோடு லைசென்சை 3 மாதம் நிறுத்திவைக்கவும் இடம் இருக்கிறது, அப்பாவின் லைசென்ஸ் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"அவர் இனிமே எங்க ஓட்டப் போறார்" என்றான்.

ஃபோனை வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 24

கிடைத்துவிட்டது! ஸ்கேன் படம் வைத்திருக்கும் பெரிய உறைக்குள், ரிப்போர்ட்டுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு இருந்தது. ஆஸ்பத்திரி வண்டி ஸ்டாண்டு டோக்கன். மஞ்சள் சீட்டு, ஊதா மையில் வண்டி எண், கடைசி எண் பளிச்சென்று 8, தேதி 9.6. எடுத்தபோது 12ஆம் தேதி வரைக்கும் காசு வாங்கிக்கொண்டு பின்னால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார் அந்த ஸ்டாண்டுக்காரர். அப்பாவைப் பின்னால் உட்கார வைத்து, நழுவாமல் என் துப்பட்டாவால் என்னோடு சேர்த்துக் கட்டி, அந்த ஸ்கூட்டரில்தான் கொண்டுபோனேன். அன்றைக்கும் ஹெல்மெட்டை எடு என்று கையைக் காட்டினார். வாய் கோணிக்கொண்டிருந்தது, அப்போதும் காட்டினார். மாட்டிவிட்டேன்.

டோக்கனை நான்கு நகல் எடுத்து நான்கு இடத்தில் வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 27

சதுர்த்தி. இடது கையாலேயே இரண்டு கொழுக்கட்டை சாப்பிட்டார். புகாருக்குப் பதில் இல்லை.

ஆகஸ்ட் 29

போக்குவரத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். மரியாதையாகத்தான் பேசினார்கள். படத்தைப் பார்த்தவர், "இது பைக்மா, தெரியுது" என்றார். அப்புறம், "ஆனா சிஸ்டத்துல ஏறிடுச்சு, நான் எடுக்க முடியாது" என்றார். தெரியுது என்று சொல்லும் மனிதருக்கு அதை எழுதித் தர முடியவில்லை. திரும்பும்போது சிக்னலில் நின்ற வண்டிகளின் பிளேட்டையெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தேன். திருகு எங்கே இருக்கிறது, எந்த எண்ணைத் தொடுகிறது என்று. நிறுத்த முடியவில்லை.

செப்டம்பர் 3

பதில் இல்லை.

செப்டம்பர் 6

ஆர்.சி. நவம்பர் 4 வரைக்கும்தான். 15 வருஷம் முடிகிறது. 60 நாளுக்கு முன்னாலிருந்து புதுப்பிக்க மனு கொடுக்கலாம், ஆனால் சலான் நிலுவையில் இருக்கும்வரை தளம் மேலே போகவே விடவில்லை. இந்த ஸ்கூட்டர் இல்லாமல் பிசியோவுக்கு ஒவ்வொரு தடவையும் ஆட்டோ, போக வர 240.

செப்டம்பர் 9

சலான் கோர்ட்டுக்கு அனுப்பப்பட்டது என்று மெசேஜ். கை குளிர்ந்துவிட்டது. அப்பாவிடம் இனி சொல்லாமல் முடியாது.

செப்டம்பர் 10

சொன்னேன். படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். பைக்காரனின் தலையில் விரலை வைத்துத் தட்டினார். அப்புறம் ஆணியில் தொங்கும் தன் ஹெல்மெட்டைப் பார்த்தார். "இல்ல" என்றார். "இல்ல, இல்ல, இல்ல." இப்போதைக்கு அவரிடம் இருக்கும் ஐந்தாறு சொல்லில் அது ஒன்று. ராத்திரி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா என்னோடு பேசவில்லை.

செப்டம்பர் 11

மாவட்டக் கோர்ட் வளாகம். மாவட்ட நீதிபதியிடம் போக வேண்டும் என்று நினைத்திருந்தேன், இந்த மாதிரி வழக்கெல்லாம் மாடியில் ஜே.எம். கோர்ட்டில்தானாம், குற்றவியல் நடுவர். எங்கே போவது என்று தெரியாமல் நின்றபோது ஜெராக்ஸ் கடை அக்கா, கீழேயே இருக்கிற சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் காட்டினாங்க. உள்ளே ஒரு மேஜை, ஒரு மின்விசிறி, ஒரு அம்மா. 1987ஆம் வருஷச் சட்டப்படி பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசமாக வக்கீல் கொடுப்பார்களாம். எனக்கு இது தெரியவே தெரியாது. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டுக்கூடக் கேட்கலாமாம். எங்களுக்குக் கொடுத்த வக்கீல், வழக்கை நாளைக்கே பார்க்கிறேன் என்றாங்க. என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவங்க, அக்கா என்றே கூப்பிடச் சொன்னாங்க.

டோக்கனைப் பார்த்ததும், "இதை லேமினேட் பண்ணிடாதே, ஒரிஜினல் அப்படியே இருக்கட்டும்" என்றாங்க. லேமினேட் பண்ணத்தான் நினைத்திருந்தேன்.

செப்டம்பர் 13

இன்று தேசிய மக்கள் நீதிமன்றம். அங்கே போனால் கொஞ்சம் குறைத்து ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று பக்கத்து வீட்டு மாமா சொன்னார். அங்கே முடித்தால் மேல்முறையீடும் கிடையாது, தலைவலி விட்டது என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். போகவில்லை. குறைத்துக் கட்டினாலும் கட்டினதுதான்.

செப்டம்பர் 15

வக்காலத்தில் அப்பா கையெழுத்து வேண்டும். வலது கை வராது. பெருவிரல் ரேகை வைத்தால் போதும், சாட்சிக் கையெழுத்தோடு செல்லும் என்று வக்கீல் அக்கா சொன்னாங்க. மை டப்பாவை எடுத்ததும் அப்பா கையை இழுத்துக்கொண்டார். நான் பிடித்தேன். உதறினார். மை கட்டில் விரிப்பில் கொட்டியது.

கைநாட்டு வைக்கமாட்டார். ட்ரிப் ஷீட்டில் 31 வருஷம் கையெழுத்துப் போட்ட கை.

செப்டம்பர் 16

ரூல்டு நோட்டு வாங்கி வந்தேன். இடது கை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் பிடித்துவிடுவது போலப் பிடிக்கப் போனேன், தள்ளிவிட்டார். தனியாகத்தான் எழுதுவாராம்.

செப்டம்பர் 18

முதல் எழுத்து மட்டும் வருகிறது. புள்ளி எங்கேயோ போய் விழுகிறது.

செப்டம்பர் 19

எழுதவில்லை. நாள் முழுக்கச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

செப்டம்பர் 21

ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தால் தூக்கத்தில் அவர் இடது கை நகர்கிறது. உள்ளங்கையைக் குவித்து எதையோ பிடித்து முன்னால் தள்ளுகிறார், கொஞ்சம் நிறுத்தி, பின்னால் இழுக்கிறார். எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கியர். இடது கை எப்போதும் கியரில்தானே இருந்தது. எந்தக் கொண்டை ஊசி வளைவில் போய்க்கொண்டிருக்கிறாரோ. போர்வையை மட்டும் சரிசெய்துவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 23

போட்டுவிட்டார். எழுத்தெல்லாம் சாய்ந்து கீழ்நோக்கி இறங்குகிறது, ஆனால் முழுப் பெயர், இன்ஷியலோடு. பேனாவை மூடி சட்டைப் பையில் குத்திக்கொண்டார்.

செப்டம்பர் 25

காலை 10 மணிக்கே போய்விட்டேன். எஸ்.டி.சி., அதாவது சுருக்க விசாரணை வழக்கு, எண் போட்டுப் பட்டியலில் ஒட்டியிருந்தது, எங்களுடையது 27ஆவது. வராந்தாவில் நிற்க இடமில்லை. குடித்துவிட்டு ஓட்டியதாகப் பிடிபட்டவர்கள்தான் பாதிப்பேர், அவர்களுக்கு 10,000 ரூபாய். ஒரு பையன் 500 ரூபாய் நோட்டுகளைச் சுவர்ப் பக்கம் திரும்பி எண்ணிக்கொண்டிருந்தான், ஒவ்வொரு தடவையும் ஒன்று குறைந்ததுபோல மறுபடி முதலிலிருந்து எண்ணினான். அவன் அம்மா காதில் கம்மல் இல்லை.

டவாலி பெயர் கூப்பிட, உள்ளே போய், குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்க, ஒப்புக்கொள்கிறேன் என்று சொல்ல, வெளியே வர. ஒரு ஆளுக்கு அரை நிமிஷம்கூட இல்லை. அப்பா பெயரை மூன்று தடவை சத்தமாகக் கூப்பிட்டார். அந்த இடத்தில் அந்தப் பெயரைக் கேட்க எனக்கு வயிற்றைப் பிசைந்தது. வக்கீல் அக்கா எழுந்து, நேரில் ஆஜராவதிலிருந்து விலக்குக் கேட்டு மனு கொடுத்து, ஒப்புக்கொள்ளவில்லை என்று சொன்னாங்க. நடுவர் அம்மா நிமிர்ந்து பார்த்தாங்க. காலையிலிருந்து அந்தச் சொல்லை யாருமே சொல்லவில்லை.

படத்தை வாங்கிக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தாங்க. ஆர்.சி.யைப் பார்த்தாங்க. டோக்கனைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாங்க. அசல் பதிவோடு அறிக்கை தாக்கல் செய்யப் போலீசுக்கு உத்தரவு. வாய்தா அக்டோபர் 9.

அக்டோபர் 1

ஆயுத பூஜை. ஸ்கூட்டரைக் கழுவிச் சந்தனம் வைத்தோம். அப்பாவை வாசலில் நாற்காலியில் உட்கார வைத்தேன். நம்பர் பிளேட்டில் இருந்த பொட்டைத் துடைக்கச் சொல்லிக் கையைக் காட்டினார், எண் மறைகிறதாம். துடைத்துவிட்டுப் பக்கத்தில் வைத்தேன். "சரி" என்றார்.

அக்டோபர் 9

அறிக்கை வரவில்லை. வாய்தா 16. இன்னொரு நாள் சம்பளப் பிடித்தம். பஸ்ஸில் வரும்போது அழுதேன், யாருக்கும் தெரியவில்லை.

அக்டோபர் 12

அந்த பைக்காரனை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். அவனுக்குத் தெரியாது. இன்றைக்கும் ஹெல்மெட் இல்லாமல் போய்க்கொண்டிருப்பான். கோபம் வரவில்லை, பயமாகத்தான் இருக்கிறது. யாராவது அவனிடம் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 16

முடிந்தது. 12.20 மணிக்கு. அசல் படம் நான் வைத்திருந்ததைவிடத் தெளிவாக இருந்தது. எண்ணைத் தவறாகப் படித்துவிட்டோம் என்று அறிக்கையில் ஒரே வரி. நடுவர் அம்மா அதை வாசித்துவிட்டு, வழக்கை முடித்துவைத்து உத்தரவு போட்டாங்க. "உங்க அப்பாகிட்ட சொல்லிடுங்க" என்றாங்க என்னைப் பார்த்து. வேறொன்றும் சொல்லவில்லை, அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

சொன்னேன். எழுத்தில் வேண்டும் என்று கையை நீட்டினார்.

அக்டோபர் 17

உத்தரவின் நகலுக்கு மனு போட்டேன். திங்கள் தீபாவளி, விடுமுறை கழித்து வரச் சொன்னார்கள். தளத்தில் சலான் இன்னும் நிலுவை என்றே காட்டுகிறது. நகலைக் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் எடுப்பார்களாம். ஆர்.சி.க்கு இன்னும் 18 நாள். பந்து 65.