ஆங்கிலத்தில் எதிர்காலம் எழுதக் கற்ற ஒன்பது மாதங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நான் கிராணியாக, அதாவது எழுத்தராக, வேலை பார்க்கும் செம்பனை எனும் எண்ணெய்ப்பனைத் தோட்டத்து அலுவலகத்திலிருந்து, 2021ஆம் ஆண்டின் இறுதியில், எண்ணெய் ஆலைக்கு நான் அனுப்பிய ஒற்றை வரி மின்னஞ்சலில்தான் இது தொடங்கியது. ‘வீ வில் சென்ட் த்ரீ லாரிஸ் டுமாரோ’ என்று எழுதியிருந்தேன். என் மனத்தில் இருந்த தமிழ்ச் சொல் ‘அனுப்புவோம்’. வானம் வெளுத்தால் அனுப்புவோம், வெட்டுக்கு ஆள் சரியாக வந்தால் அனுப்புவோம் என்பதெல்லாம் அந்தச் சொல்லுக்குள்ளேயே அடங்கியிருப்பதாக நினைத்துவிட்டேன். அன்றிரவு பெய்த மழையில் தீம்பார்ச் சாலை, அதாவது மரங்கள் நிற்கும் பகுதிக்குள் போகும் பாதை, சேறாகிவிட, ஒரு லாரிதான் ஆலைக்குப் போனது. வெட்டிய குலை நேரத்தோடு ஆலைக்குப் போகாமல் கிடந்தால் எண்ணெயில் கொழுப்பு அமிலம் ஏறித் தரம் இறங்கிவிடும். அதனால் ஒவ்வொரு தோட்டத்து லாரிக்கும் ஆலையில் நேரம் ஒதுக்குவார்கள். எங்கள் மூன்று லாரிகளை நம்பி வேறொரு தோட்டத்தைக் காத்திருக்கச் சொல்லியிருந்தார்கள். தொலைபேசியில் பேசியவர் கோபப்படவில்லை. “நீங்கள் ‘வில்’ என்று எழுதியிருந்தீர்களே” என்று மட்டும் கேட்டார்.

அப்போது நான் பகுதிநேரப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிப்பதற்காக, 1999 முதல் நடந்துவரும் மூவெட் எனும் மலேசியப் பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வுக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு, புகுமுக வகுப்பு ஓராண்டு, பிறகு இடைநிலைப்பள்ளி என்று ஆங்கிலப் பாடத்தோடு வளர்ந்தவள்தான். ஆனாலும் எதிர்காலம் என்றால் ‘வில்’ என்ற ஒரே சமன்பாட்டுக்கு அப்பால் நான் போனதில்லை. நகரில் இருந்த ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை ஒருவர் சனிக்கிழமை தோறும் கற்றுத்தர ஒப்புக்கொண்டார்.

என்னைப் பற்றித் தெரிந்துகொள்ள, அம்மாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னார். எங்கள் தோட்டத்தில் செம்பனை நடுவதற்கு முன் அம்மா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக இறங்கும் என்பதால் நான்கு மணிக்கே எழுவார், கத்தியைத் தீட்டுவார், தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு பெரட்டுக்கு, அதாவது வேலையாட்களைக் கணக்கெடுக்கும் காலை அணிவகுப்புக்கு, போவார். இதை அப்படியே ‘ஷீ வில் கெட் அப், ஷீ வில் ஷார்ப்பன், ஷீ வில் கோ’ என்று எழுதிக்கொண்டுபோனேன். டீச்சர் பென்சிலால் பதினொரு ‘வில்’களைச் சுற்றி வட்டமிட்டுவிட்டு, “உங்க அம்மா இனிமேல்தான் பால் வெட்டப் போறாங்களாம்மா?” என்று கேட்டார். ‘எழுவார்’ என்ற ஒரே வினைமுற்று தமிழில் நாளை நடக்கவிருப்பதையும் சொல்கிறது, அந்தக் காலத்தில் நாள்தோறும் நடந்துவந்ததையும் சொல்கிறது என்பதை அன்றுவரை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. முடிந்துபோன பழக்கத்துக்கு ஆங்கிலத்தில் ‘யூஸ்ட் டு’ அல்லது ‘வுட்’ வர வேண்டும். பதினொன்றையும் ஒவ்வொன்றாக மாற்றி எழுதி முடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. அம்மாவின் காலைப்பொழுது உண்மையிலேயே கடந்த காலத்துக்குப் போய்விட்டதை, அந்தத் திருத்தத்தைச் செய்துகொண்டிருக்கும்போதுதான் முழுதாக உணர்ந்தேன்.

அடுத்த வாரங்களில் டீச்சர் விதியைச் சொல்வதற்கு முன் தமிழில் ஒரு வாக்கியம் கேட்பார். கறுத்த மேகத்தைக் காட்டி, “இதுக்கு என்ன சொல்வே?” என்றார். “மழை பெய்யப் போகிறது” என்றேன். ‘இட் இஸ் கோயிங் டு ரெயின்’ அதுவேதான். போதல் என்ற வினையே துணைவினையாக நிற்கிறது. கண்ணெதிரே அடையாளம் இருக்கும்போதும், முன்பே ஒன்றைச் செய்வதென்று மனத்தில் முடிவுகட்டியிருக்கும்போதும் இந்த வடிவம் பொருந்தும். மலாயில் இதையே ‘நாக் ஹூஜான்’ என்போம். அந்த ‘நாக்’ விருப்பத்தைக் குறிக்கும் ‘ஹெண்டாக்’ என்பதன் சுருக்கம். ஆங்கில ‘வில்’லும் பழைய ஆங்கிலத்தில் ‘விரும்புதல்’ என்ற பொருளுடைய வினையிலிருந்து வந்ததுதான் என்று டீச்சர் சொன்னபோது, நான் நாள்தோறும் புழங்கும் மலாயும் அந்த ஆங்கிலமும் ஒரே தடத்தில் நடந்திருப்பது எனக்குப் பெரிய வியப்பாக இருந்தது. ஆங்கில வினைக்குத் தமிழ் ‘வருவான்’ என்பதில் உள்ள ‘வ்’ போல எதிர்கால இடைநிலை கிடையாது. விருப்பம், போக்கு, ஏற்பாடு என்று வேறு சொற்களைக் கடன் வாங்கித்தான் அந்த மொழி நாளையைப் பேசுகிறது. இது புரிந்த பிறகு, ஒரு வாக்கியத்தை எழுதுமுன் ‘இது எந்தக் காலம்’ என்று கேட்பதை விட்டுவிட்டு, ‘இந்தக் காரியம் இன்று எந்த நிலையில் இருக்கிறது’ என்று கேட்கத் தொடங்கினேன். எனக்குத் தெரிந்தவரை இந்த ஒரு கேள்விதான் என்னைக் கரையேற்றியது.

பல் மருத்துவரிடம் நேரம் வாங்கியாயிற்று, விடுப்பும் கிடைத்துவிட்டது என்றால், ‘ஐ ஆம் சீயிங் த டென்டிஸ்ட் டுமாரோ’. நாமும் ‘நாளைக்கு ஈப்போ போகிறேன்’ என்று நிகழ்காலத்தில்தானே சொல்கிறோம்? விரைவும் தெளிவும் கருதிக் காலம் மாறி வரலாம் என்று நன்னூலே இடம் தருகிறது. இரயில் அட்டவணை, பள்ளித் தவணை, கூட்ட நிரல் போன்றவற்றுக்கு இன்னும் எளிய வடிவம்: ‘த ட்ரெயின் லீவ்ஸ் அட் செவன்.’ தொலைபேசி மணி அடித்ததும் எழுந்து ‘நான் எடுக்கிறேன்’ என்பதுபோல், அந்தக் கணத்தில் எடுக்கும் முடிவுக்கு ‘ஐ வில்’. வாக்குறுதிக்கும் அதுவே. ஆலைக்காரர் என் மின்னஞ்சலை வாக்குறுதியாகவே படித்திருந்தார். படித்த அவர்மீது பிழை சொல்ல முடியாது. ‘ஷால்’ பற்றி டீச்சர் அதிகம் பேசவில்லை. பழைய கடிதங்களிலும் ஒப்பந்தங்களிலும் பார்த்தால் புரிந்துகொண்டால் போதும் என்றார்.

எனக்கு மிக நீண்ட காலம் பிடித்தது ‘வென்’, ‘இஃப்’, ‘அன்டில்’ ஆகியவற்றுக்குப் பின்வரும் வினை. ‘நீங்கள் வரும்போது ரசீதைக் கொண்டுவாருங்கள்’ என்பதை ‘வென் யூ வில் கம்’ என்றே மூன்று மாதம் எழுதினேன். காரணத்தைத் தேடியபோது அது தமிழிலேயே அகப்பட்டது: ‘வரும்’ என்பது எதிர்காலப் பெயரெச்சம், ‘போது’ அதன்மேல் ஏறி நிற்கிறது. ஆங்கிலம் அந்தக் கிளை வாக்கியத்தில் நிகழ்காலத்தோடு நின்றுவிட்டு, எதிர்காலத்தைத் தலைமை வாக்கியத்துக்கு மட்டும் தருகிறது. ஒவ்வொரு சனிக்கிழமையும் இருபது வாக்கியங்கள் எழுதி, ‘வென்’னுக்குப் பின் ‘வில்’ வருகிறதா என்று விரலை வைத்துத் தேடினேன். ஐந்தாவது மாதத்தில்தான் ஒரு பக்கம் பிழையில்லாமல் வந்தது. அந்த வாரமே ஆலைக்கு எழுதினேன்: ‘வீ ஆர் எக்ஸ்பெக்டிங் டு சென்ட் த்ரீ லாரிஸ் டுமாரோ, பட் இஃப் இட் ரெயின்ஸ் டுநைட், ஒன்லி ஒன் வில் கம்.’ அனுப்பும் முன் நான்கு முறை படித்தேன்.

‘வில் ஹேவ்’ மட்டும் கேட்டவுடன் புரிந்தது. ‘வெள்ளிக்கிழமைக்குள் அந்தத் தீம்பாரை வெட்டி முடித்திருப்போம்’ என்பது அப்படியே ஆங்கிலத்துக்குப் போகிறது. ‘இந்நேரம் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்’ என்று நாம் ஊகித்துச் சொல்வதற்கும் அதே ‘வில் ஹேவ்’ பொருந்தும் என்று டீச்சர் காட்டியபோது, இவ்வளவு தொலைவிலுள்ள இரு மொழிகளுக்கு ஊகத்திலும் ஒரே பழக்கம் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

2022ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தேர்வு எழுதினேன். எழுத்துத்தாளில் குறைந்தது 100 சொற்களில் ஒரு மின்னஞ்சல், 250 சொற்களில் ஒரு கட்டுரை. மின்னஞ்சலில் எதிர்கால வாக்கியம் ஒவ்வொன்றுக்கும் அருகே நின்று, முடிவானதா, ஏற்பாடா, ஊகமா என்று கேட்டுக்கொண்டேன். பேச்சுத்தேர்வின் குழு உரையாடலில் யாரும் வாய் திறக்காமல் இருந்தபோது, என்னை அறியாமலே ‘ஐ வில் ஸ்டார்ட்’ என்று வந்தது. அந்த நொடியில் எடுத்த முடிவு. சரியான வடிவம்தான் என்பது வெளியே வந்த பிறகே உறைத்தது. நான்காம் நிலை கிடைத்தது. எனக்குத் தேவைப்பட்டதும் அதுதான்.

இன்னும் விடுபடாத ஒன்று ‘வுட்’. நம் நாட்டு அலுவலகக் கடிதங்களில், மரியாதை கருதி, ‘த மீட்டிங் வுட் பி ஹெல்ட் ஆன் மன்டே’ என்று எழுதும் வழக்கம் ஊறிப்போயிருக்கிறது. எங்கள் அலுவலகத்துப் பழைய கோப்புகளிலும் அப்படியே இருக்கிறது. கூட்டம் உறுதியாக நடக்கும்போது அங்கே ‘வில்’தான் வர வேண்டும், ‘வுட்’ என்றால், ஏதோ ஒன்று நடந்திருந்தால் கூட்டம் இருக்கும் என்பதுபோல் ஆகிவிடும். இப்போதும் கடிதத்தைத் தோட்ட நிர்வாகியான துரையின் கையெழுத்துக்கு வைப்பதற்கு முன், ‘வுட்’ எங்கேனும் ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே ஒரு முறை தனியாகப் படிக்கிறேன். போன வாரம் இரண்டு இருந்தன.