ரேஸ் டிராக்ல ஹார்ட் ரேட்: ஒரு வழியா ஓட்டை இல்லாத கிராஃப் கெடச்சிருச்சு

கெடச்சிருச்சுங்க. இருங்காட்டுக்கோட்டை டிராக்ல ஒரு முழு 20 நிமிஷ செஷன், பிட் லேன்ல (டிராக்குக்குள்ள போறதுக்கு முன்னாடி வண்டி நிக்கிற பாதை) பெல்ட் போட்டதுலேர்ந்து திரும்பி வந்து ஹெல்மெட் கழட்டுற வரைக்கும் ஹார்ட் ரேட் கோடு எங்கயும் அறுபடல, திடீர்னு 210க்கு தாவல, 70க்கு விழவும் இல்ல. இதுக்காக மாசக்கணக்கா மல்லுக்கட்டிருக்கேன், அதனால பெருமையாவே எழுதுறேன், இதே ஆசையில இருக்குற யாருக்காவது நேரம் மிச்சமானா சந்தோஷம்.

2025 ஜனவரில அஜித் டீம் துபாய் 24 மணி நேர ரேஸ்ல எறங்கினதுக்கு அப்புறம் வீட்ல, ஆபீஸ்ல, டீக்கடைல எல்லா எடத்துலயும் ஒரே கேள்வி, "சீட்ல உக்காந்துதானே ஓட்டுறாங்க, இதுல என்ன ஒடம்பு உழைப்பு?"ன்னு. வாயால எவ்ளோ சொன்னாலும் நம்ப மாட்டாங்க, நம்பர் காட்டணும். ஆனா அந்த நம்பர் உண்மையா இருக்கணும் இல்லையா, அங்கதான் கதையே.

செட்டப் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். வண்டி ஃபோக்ஸ்வேகன் போலோ, பிரேக் பேடும் சஸ்பென்ஷனும் மாத்தினது, பக்கெட் சீட், ஆறு பாயின்ட் ஹார்னஸ், அதாவது ஆறு எடத்துல பிடிக்கிற ரேஸ் பெல்ட். 25 ஹெர்ட்ஸ் ஜிபிஎஸ்க்கு ரேஸ்பாக்ஸ் மினி, ஃபோன்ல லேப் டைம் எடுக்குற ரேஸ்குரோனோ ஆப், நெஞ்சுல துடிப்பு எடுக்குற போலார் ஹெச்10 ஸ்ட்ராப். ஏசி ஆஃப், கண்ணாடி எறக்கி.

கையில கட்டுற வாட்ச்ச பத்தி மொதல்ல சொல்லிடுறேன், ஏன்னா எல்லாரும் அதுலதான் ஆரம்பிக்கிறோம். அது பச்சை லைட்ட தோலுக்குள்ள அடிச்சு ரத்தம் ஏறி எறங்குறத பாத்துதான் துடிப்ப எண்ணுது. ஸ்டியரிங்க இறுக்கிப் பிடிச்சா முன்னங்கை தசையும் தசைநாணும் சேந்து நகருது, க்ளவுஸோட பட்டி வாட்ச்ச தள்ளிவிடுது, அதுக்கு மேல வண்டி அதிர்வு வேற. என்கிட்ட இருந்த வாட்ச், அது நல்ல வெலை குடுத்து வாங்கினதுதான், நான் உயிரக் குடுத்து ஓட்டின லேப்ல எல்லாம் 95ன்னு நேர்கோடு போட்டுட்டு பிட்டுக்கு வந்து கைய தளர்த்தினதும் 150ன்னு குதிச்சுச்சு. அந்த டேட்டாவ வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது, தூக்கிப் போட்டுட்டேன். மேல்கைல கட்டுற ஆப்டிக்கல் பேண்டு பரவால்ல, நெஞ்சுல கட்ட முடியாதவங்களுக்கு அதுதான் அடுத்த வழி, ஆனா அதுலயும் ஏத்த எறக்கம் மழுங்கித்தான் வருது.

ஃபார்முலா 1ல 2018லேர்ந்து க்ளவுஸ்குள்ளயே 3 மில்லிமீட்டர் கனத்துல ஒரு சென்சார் தெச்சு வர்றது உங்களுக்கு தெரிஞ்சிருக்கும், அதுவும் ஒளிய வெச்சு நாடித்துடிப்பும் ஆக்சிஜனும் பாக்குறதுதான். ஆனா அது பயிற்சி டேட்டாக்காக வந்தது இல்ல, விபத்துல டிரைவர் உள்ள மாட்டிக்கிட்டா டாக்டர் டீம் கிட்ட போறதுக்குள்ள அவர் நெலமை தெரியணும்னு வெச்சது. அந்த வேலைக்கு அது சரி, என் வேலைக்கு நெஞ்சு ஸ்ட்ராப்தான்.

சரி, ஸ்ட்ராப். இதுலதான் என் பாதி ஆயுசு போச்சு. ஓடுறப்பவும் சைக்கிள்லயும் ஒரு தடவ கூட ஏமாத்தாத அதே ஹெச்10, கார்ல ஒவ்வொரு பெரிய பிரேக்குக்கும் கிராஃப்ல ஒரு முள்ளு போட்டுச்சு. மெயின் ஸ்ட்ரெய்ட் முடிஞ்சு சி1க்கு, அதாவது மொத கார்னருக்கு, முன்னாடி ஒண்ணு, அப்புறம் வரிசையா. பேட்டரி மாத்தினேன், ஸ்ட்ராப் புதுசு வாங்கினேன், எலக்ட்ரோட (தோல்ல ஒட்டி சிக்னல் எடுக்குற பட்டை) நல்லா நனைச்சேன், எதுக்கும் அசையல. காரணம் ஹார்னஸ். பிரேக் அடிக்கிறப்ப ஒடம்பு முன்னாடி போய் ஷோல்டர் பெல்ட்ல சாயுது, பெல்ட் சட்டைய இழுக்குது, சட்டை ஸ்ட்ராப்ப இழுக்குது, எலக்ட்ரோடு தோல்ல ஒரு ரெண்டு மில்லிமீட்டர் வழுக்குது. அது போதும், ஈசிஜி சிக்னல், அதாவது இதயத்தோட மின்சார சிக்னல், கலங்கிடும்.

இப்ப நான் பண்றது இதுதான். ஓடுறதுக்கு கட்டுற எடத்துலேர்ந்து ரெண்டு வெரல் கீழ எறக்கி, நெஞ்செலும்பு முடியுற எடத்துல பாட் (ஸ்ட்ராப்ல மாட்டுற சென்சார் டப்பி) வர்ற மாதிரி கட்டுறேன். எலக்ட்ரோடு ரெண்டும் ஷோல்டர் பெல்ட்டுக்கு நடுவுல இருக்குற இடைவெளிக்குள்ள முடிஞ்ச வரைக்கும் வரணும், பெல்ட் ஓரம் அதுமேல ஏறக் கூடாது. மூச்ச முழுசா உள்ள இழுத்துக்கிட்டு அளவு வைக்கணும், வழக்கத்த விட கொஞ்சம் இறுக்கம். அதுக்கு மேல ஒடம்போட ஒட்டின உள்சட்டை. அப்புறம் முக்கியமான விஷயம், பெல்ட் போடுற வரிசை. மடி பெல்ட்ட மொதல்ல இறுக்கி, அப்புறம் ஷோல்டர், இறுக்கி முடிச்சதும் ஸ்ட்ராப் கட்டாயம் கீழ எறங்கியிருக்கும், சூட் ஜிப்ப பாதி வரைக்கும் தெறந்தே வெச்சிருந்து ஒரு வெரல உள்ள விட்டு ஸ்ட்ராப்ப பழைய எடத்துக்கு தூக்கி விட்டுட்டு அதுக்கப்புறம்தான் ஜிப்ப மேல ஏத்தணும். இந்த ஒரு வெரல் வேலைதான் எல்லாத்தையும் மாத்திச்சு. எலக்ட்ரோடு பட்டையோட ரெண்டு முனையிலயும் மைக்ரோபோர் டேப் ஒட்டுறேன், பாட் மாட்டுற பட்டன் மேல மட்டும் படக் கூடாது.

தண்ணிக்கு பதிலா ஈசிஜி ஜெல். வேர்வை வர்றதுக்கு முன்னாடி இருக்குற மொத அஞ்சு நிமிஷத்துக்கு, அதாவது பிட் லேன்ல காத்திருக்குற நேரத்துக்கு, ஜெல் இல்லாம சுத்தமான டேட்டா கெடைக்காது, அந்த நேரத்து டேட்டாதான் எனக்கு தங்கம், ஏன்னு பின்னாடி சொல்றேன். ஆன்லைன்ல சின்ன ட்யூப்புக்கு கேக்குற வெலைய பாத்தா வயிறு எரியும், பாரிஸ் பக்கம் நயினியப்ப நாயக்கன் தெருவுல சர்ஜிகல் கடைங்க வரிசையா இருக்கு, அங்க போய் பெரிய பாட்டிலாவே வாங்கிட்டேன், மைக்ரோபோரும் அங்கயே. ஸ்கேன் எடுக்க தடவுற ஜெல் வேற, எலக்ட்ரோடு ஜெல் வேற, கேட்டு வாங்குங்க.

இன்னொண்ணு, ஸ்ட்ராப் துணி நைலான் எலாஸ்டிக் வகை, நெருப்புல உருகும். டிராக் டேக்கு யாரும் எதுவும் சொல்றதில்ல, ஆனா லைசென்ஸ் எடுத்து சாம்பியன்ஷிப்ல ஓட்டுறவங்க தோலோட ஒட்டி என்ன போடலாம்ங்கறத ஸ்க்ரூட்டினியர்கிட்ட (ரேஸுக்கு முன்னாடி வண்டியையும் சாமானையும் சோதிக்கிற அதிகாரி) காட்டி கேட்டுக்கிட்டு போடுங்க. ஒரு கிராஃப்க்காக நெஞ்சுல தீக்காயம் வேண்டாம்.

கோ-கார்ட் ஓட்டுறவங்களுக்கு இது இன்னும் கஷ்டம், ரிப் ப்ரொடெக்டர், அதாவது விலா எலும்புக்கான கவசம், நேரா ஸ்ட்ராப் மேலயே உக்காருது, சீட்ல விலா எலும்பு இடிக்குறப்ப எல்லாம் சிக்னல் போகுது. அத நான் இன்னும் தீக்கல. ப்ரொடெக்டர்ல உள்பக்கம் ஃபோம் வெட்டி எடம் விடலாமான்னு யோசனை இருக்கு, ஆனா பாதுகாப்பு சாமான வெட்ட மனசு வரல.

இப்ப அந்த சுத்தமான செஷன்ல என்ன வந்துச்சுன்னு பாப்போம். வீட்ல சும்மா உக்காந்தா எனக்கு 62 மாதிரி இருக்கும். பிட் லேன்ல பெல்ட் இறுக்கி, எஞ்சின் ஐட்லிங்ல, கால் க்ளட்ச்ல, ஒண்ணுமே பண்ணாம 112. மொத லேப் முடியுறப்ப 151. மூணாவது நாலாவது லேப்ல 146, 147னு நிதானமாச்சு. அப்புறம் லேப் டைம் 2 நிமிஷம் 15, 16 செகண்டுலயே நிக்க, துடிப்பு மட்டும் கொஞ்சம் கொஞ்சமா ஏறி கடைசி லேப்ல 161. வேகம் கூடல, வேலை கூடல, துடிப்பு மட்டும் கூடுது.

இந்த மூணு கட்டமும் மூணு வேற காரணம். பிட் லேன்ல கூடுற 50 துடிப்பு பெரும்பாலும் பதட்டம், தசை எதுவும் பெருசா உழைக்கல. நடு லேப்ல இருக்குறதுதான் பிரேக் பெடல மிதிக்கிறது, ஸ்டியரிங் பிடி, கழுத்து, வயிறு எல்லாம் இறுகி நிக்கிறது, அதுலயும் பெரும்பாலும் அசையாம இறுகுற உழைப்பு, அப்டி இறுகினா ரத்த அழுத்தமும் துடிப்பும் சேந்து ஏறும், ஆனா ஓடுற அளவுக்கு ஆக்சிஜன் செலவாகாது. கடைசில ஏறுனது வெயில். வேர்வையா தண்ணி போக ரத்தத்தோட அளவு கொறையுது, சூட்ட வெளிய தள்ள தோலுக்கு நெறைய ரத்தம் போகுது, ஒவ்வொரு துடிப்புக்கும் வர்ற ரத்தம் கொறைய இதயம் வேகமா அடிச்சு ஈடு கட்டுது. 2023 கத்தார் ரேஸ்ல லோகன் சார்ஜென்ட் பாதில எறங்கினதும் எஸ்டபான் ஓகான் ஹெல்மெட்டுக்குள்ள வாந்தி எடுத்ததும் நடந்தப்ப இந்த சூட்டுக்கு பெரிய பங்கு இருந்துச்சு, அவ்ளோ பயிற்சி இருக்குற ஒடம்புக்கே அந்த கதி. செஷனுக்கு முன்னாடியும் பின்னாடியும் டிஜிட்டல் தராசுல எடை பாத்து குறிச்சு வைங்க, ஒரு கிலோ கொறஞ்சா கிட்டத்தட்ட ஒரு லிட்டர் வேர்வை, நடுவுல குடிச்ச தண்ணியையும் சேத்துக்கணும். இந்த ஒரு தராசு இல்லாம ஹார்ட் ரேட் கிராஃப்ப பாத்து "செம உழைப்பு"ன்னு சொல்றதுல அர்த்தமே இல்லன்னு நான் உறுதியா நம்புறேன்.

அதனால ஆப் சொல்ற கலோரிய தயவுசெஞ்சு நம்பாதீங்க. ஓட்டம், சைக்கிள் மாதிரி வேலைல துடிப்புக்கும் ஆக்சிஜன் செலவுக்கும் இருக்குற கணக்க வெச்சு அது சொல்லுது. பயத்துல ஏறுன துடிப்பு, சூட்டுல ஏறுன துடிப்பு எல்லாத்தையும் அது கலோரி எரிஞ்சதா எண்ணிக்குது. ரெண்டு நாள் ஓய்வு எடுன்னு வேற சொல்லுது.

நான் இதுக்கு பண்ற வழி போர்க் ஸ்கேல். ஸ்வீடன்காரர் குன்னர் போர்க் போட்டது, 6லேர்ந்து 20 வரைக்கும், எவ்ளோ கஷ்டமா இருந்துச்சுன்னு நாமளே சொல்ற நம்பர், அத பத்தால பெருக்கினா தோராயமா துடிப்பு வரணும்ங்கற எண்ணத்துலதான் அந்த 6-20 வந்துச்சு. சைக்கிள்ல 150 துடிப்புல நான் 15ன்னு சொல்லுவேன், கரெக்டா பொருந்துது. கார்ல அதே 150ல வாயில வர்றது 12, அதாவது 120 துடிப்புக்கான கஷ்டம். அந்த 30 துடிப்பு வித்தியாசம் உழைப்பு இல்ல, பதட்டமும் சூடும்தான்னு நான் எடுத்துக்குறேன். தோராயம்தான், ஆனா செஷனுக்கு செஷன் அந்த வித்தியாசம் எப்டி மாறுதுன்னு பாக்குறதுல நெறைய விஷயம் இருக்கு. எறங்கின ஒடனே, லேப் டைம பாக்குறதுக்கு முன்னாடியே சொல்லி ரெக்கார்ட் பண்ணிடணும், நல்ல டைம் வந்தது தெரிஞ்சா கஷ்டம் கம்மியா தோணும்.

அடுத்தது மேப். ஹார்ட் ரேட்ட டிராக் மேப் மேல கலர்ல போட்டு "பாரு, இந்த கார்னர்லதான் எகிறுது"ன்னு போடுற படங்கள பாத்தா எனக்கு ஆத்தாமையா இருக்கு. துடிப்பு ஒடனே ஏறாது, சில செகண்ட் பின்னாடிதான் வரும், ஸ்ட்ராப் காட்டுற நம்பரும் கொஞ்சம் சராசரி பண்ணினதுதான். 150 கிலோமீட்டர் வேகத்துல ஒரு செகண்டுக்கு 41 மீட்டருக்கு மேல போறோம், 5 செகண்ட் தாமதம்னா 200 மீட்டர். மேப்ல செவப்பா தெரியுற எடம் வேற, ஒடம்பு பட்ட பாடு வேற எடத்துல. 3.717 கிலோமீட்டர்ல 12 கார்னர் இருக்குற டிராக்ல அது அடுத்த கார்னரோட கணக்குல போய் விழும்.

அதனால சராசரி நம்பர விட்டுட்டு துடிப்புக்கு துடிப்பு இருக்குற இடைவெளியையே, ஆர்ஆர் இன்டர்வல, தனியா எடுக்குறேன். ஹெச்10 ஒரே நேரத்துல ரெண்டு ப்ளூடூத் கனெக்ஷன் குடுக்கும், செட்டிங்ல அத ஆன் பண்ணணும், ஒண்ணு ரேஸ்குரோனோவுக்கு, இன்னொண்ணு டேட்டாவ பதிவு பண்ற போலார் சென்சார் லாக்கர் ஆப்புக்கு. 150 துடிப்புன்னா இடைவெளி 400 மில்லிசெகண்ட், நடுவுல ஒண்ணு மட்டும் 800 வந்தா அது துடிப்பு தவறவிட்டது, பக்கத்துல இருக்குற துடிப்புகளோட மீடியன (வரிசைப்படுத்தினா நடுவுல வர்ற அளவு) விட 20 சதவீதம் தள்ளி இருக்குறத எல்லாம் எடுத்துடுறேன். அப்புறம் மெதுவா ஏறுற வெயில் கோட்ட கழிச்சுட்டு, நடு லேப்கள ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு சராசரி எடுத்தா, ஒரு லேப்க்குள்ள நாலஞ்சு துடிப்பு ஏறி எறங்குற ஒரு அலை தெரியுது. அந்த அலைய ஜி-ஃபோர்ஸ் கோட்டோட (பிரேக், கார்னர்ல ஒடம்ப தள்ளுற விசை) பொருத்தி எத்தன செகண்ட் பின்னாடி நகத்தினா நல்லா ஒட்டுதுன்னு பாக்கணும். எனக்கு ஆறு செகண்ட் கிட்ட ஒட்டுது.

கேமராவோட நேரம் பொருத்தறதுக்கு ஒரு சுலபமான வேலை இருக்கு. ஹெச்10க்குள்ள ஆக்சிலரோமீட்டர் இருக்கு, கெளம்புறதுக்கு முன்னாடி கேமராவுக்கு தெரியுற மாதிரி பாட் மேல வெரலால மூணு தட்டு தட்டிடுங்க, லாக்ல மூணு கம்பி மாதிரி நிக்கும், அத வீடியோவோட சேத்து வெச்சா போதும்.

வீடியோவ பாத்தப்பதான் ஒண்ணு புடிபட்டுச்சு, ஹெல்மெட்டுக்குள்ள வெச்ச மைக்ல பெரிய பிரேக்குங்கள்ல மூச்சு சத்தமே இல்ல, மொத்தமா அடக்கிட்டு மிதிக்கிறேன். அடுத்த செஷன்ல பிரேக் மிதிக்கிறப்ப வேணும்னே மூச்ச வெளிய விட்டு ஓட்டினேன், லேப் டைம் மாறல, நடு லேப் துடிப்பு 140க்கு வந்துச்சு. ஒரே நாள் டேட்டா, வெயிலும் கொஞ்சம் தாழ்ந்த நேரம், அதனால இத முடிவா எடுத்துக்காதீங்க, ஆனா யாராவது முயற்சி பண்ணி நம்பர் சொன்னா ரொம்ப நல்லாருக்கும்.

இது முடியறதுக்குள்ளயே அடுத்தத ஆரம்பிச்சுட்டேன். ஸ்டியரிங்க எவ்ளோ இறுக்கிப் பிடிக்கிறேன்னு அளக்கணும், அதுதான் விட்டுப்போன கணக்கு. ரிச்சி ஸ்ட்ரீட்ல மெல்லிசான ப்ரெஷர் சென்சாரும் ஈஎஸ்பி32ன்னு ஒரு சின்ன கம்ப்யூட்டர் போர்டும் வாங்கியாச்சு, ஒரு கடைல 500 சொன்னத ரெண்டு கடை தள்ளி 380க்கு குடுத்தாங்க. பத்து, ரெண்டு மணி நெலைல ஸ்டியரிங் கவருக்கு அடியில வைக்கப் போறேன், வயர் எதுவும் சுத்துற எடத்துல மாட்டாம இருக்க போர்டையும் பேட்டரியையும் ஸ்டியரிங்லயே ஒட்டணும். பெடல்ல மட்டும் எதையும் மாட்ட மாட்டேன், யாரும் மாட்டாதீங்க. சென்சார் அளவ கிலோவுக்கு மாத்த தராசு மேல வெச்சு அழுத்தி அழுத்தி எழுதிட்டு இருக்கேன், பத்து கிலோவுக்கு மேல நம்பர் ஒழுங்கா வரல, வேற ரேஞ்சு சென்சார் யாராவது யூஸ் பண்ணிருந்தா எதுன்னு சொல்லுங்க.