நல்லவேளை

"டிஸ்க் போயிடுச்சு சார். நல்லவேளை, காலையிலயே காப்பி எடுத்து வெச்சிட்டோம்."

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. டிஸ்க் போனது நிஜம். காலையில் காப்பி எடுத்ததும் நிஜம். முதலாளி என் தோளில் தட்டி, "கரெக்டான நேரத்துல வந்தீங்க" என்றார். பக்கத்தில் கம்பெனியின் கணக்கு எழுதும் பாய் உட்கார்ந்திருந்தார். அவர் தலையைத் தூக்கவில்லை. அடுத்த சீட்டை எடுத்து, "லாட் 118, 1,342 சதுர அடி" என்று படித்துக்கொண்டே தட்டினார்.

2022 மே மாதம், கத்திரி வெயில். மேல்விஷாரத்தில் ஒரு தோல் ஜாப் ஒர்க் கம்பெனி. அங்கே பழைய விண்டோஸ் எக்ஸ்பியில் ஓடும் ஒரு மெஷின். அதில் யாரோ எப்போதோ ஃபாக்ஸ்ப்ரோ என்ற பழைய டேட்டாபேஸ் மென்பொருளில் எழுதிக்கொடுத்த கணக்கு புரோகிராம். எழுதியவர் எங்கே என்று தெரியாது, இன்ஸ்டால் சிடியும் இல்லை. என்னைப்போல் கம்ப்யூட்டர் சர்வீஸ் வேலை செய்பவர்களுக்கு இதற்குமேல் சொல்லத் தேவையில்லை. ஆம்பூர், பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை எங்கே போனாலும் ஒரு மூலையில் இப்படி ஒன்று தூசியோடு ஓடிக்கொண்டிருக்கும். எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலிலேயே கைகழுவிவிட்டது. நம் கம்பெனிகளுக்கு யாரும் அதைச் சொல்லவில்லை. மெஷினை அப்படியே மொத்தமாக எடுத்து, புது கம்ப்யூட்டரில் விர்ச்சுவல்பாக்ஸுக்குள் (ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் மென்பொருள்) உட்காரவைப்பது என்று பேச்சு.

காலையில், டிஸ்க்கை அப்படியே ஒரு விஎச்டி ஃபைலாகக் காப்பி எடுக்கும் பழைய டிஸ்க்2விஎச்டியைப் போட்டு, மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் காப்பி எடுத்தேன். "இது பாட்டுக்கு ஓடும், நீங்க உங்க வேலையைப் பாருங்க பாய்" என்றேன். அவரும் பார்த்தார். இது முக்கியம், பின்னால் வரும்.

காப்பியைப் புது மெஷினில் ஏற்றினால் எக்ஸ்பி லோகோ வந்தது, ஒரு நொடி நீலத் திரையில் பிழைச் செய்தி, உடனே ரீஸ்டார்ட். திரும்ப லோகோ, நீலம், ரீஸ்டார்ட். எஃப்8 தட்டி ஆட்டோ ரீஸ்டார்ட்டை நிறுத்தியிருக்கலாம். நான் போனில் வீடியோ எடுத்து, நகர்த்தி நகர்த்தி, அந்த நீலம் வரும் இடத்தில் நிறுத்திப் படித்தேன். ஸ்டாப் 7பி. எந்த டிஸ்க்கிலிருந்து எழுந்து வந்ததோ, அந்த டிஸ்க்கையே விண்டோஸுக்கு அடையாளம் தெரியவில்லை என்று அர்த்தம்.

ஏன் தெரியாது என்பது எனக்குத் தெரியும். விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலை மெமரியில் ஏற்றுகிறவரை, மெஷினை எழுப்புகிற பயாஸ் கையைப் பிடித்துக் கூட்டி வரும். அதற்கப்புறம் கையை விட்டுவிடும். டிஸ்க்கோடு பேச விண்டோஸுக்குச் சொந்த டிரைவர் வேண்டும். பழைய போர்டில் டிஸ்க்கைக் கையாண்டது வியா சிப்செட். விர்ச்சுவல்பாக்ஸ் எக்ஸ்பிக்குக் காட்டுவது இன்டெலின் பிஐஐஎக்ஸ்4 என்ற வேறு சிப்செட். அதற்கான டிரைவர் பூட் நேரத்தில் ஏறுகிற மாதிரி அந்த எக்ஸ்பியில் எழுதி வைக்கப்படவில்லை. அவ்வளவுதான் விஷயம். இதைப் பத்துப் பன்னிரண்டு மெஷின்களில் சரிசெய்திருக்கிறேன்.

தெரிந்தும் அன்றைக்கு ஏன் அதைச் செய்யவில்லை? இங்கேதான் சுற்றிச் சுற்றி வருகிறேன்.

7பி என்றால் எப்போதும் டிரைவர்தான் என்று இல்லை. ஃபைல் சிஸ்டம் அடிபட்டிருந்தாலும் அதே நீலம்தான். ஓடுகிற மெஷினில் எடுத்த காப்பி, ஃபாக்ஸ்ப்ரோ வேறு திறந்து கிடந்தது, அதனால் காப்பியே சரியில்லையோ என்று சந்தேகம் வந்தது. டிஸ்க்கைக் கழற்றி, யுஎஸ்பி கன்வர்ட்டரில் மாட்டி, ஓடாத நிலையில் ஒரு காப்பி எடுத்துவிட்டால் அந்தச் சந்தேகமே இருக்காது. முறைப்படி யோசிக்கிற எவனும் இப்படித்தான் யோசிப்பான். எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்ட பதில் இது.

இன்னொரு பதிலும் இருக்கிறது. மணி நாலாகிவிட்டது. காட்பாடியில் ஏழு மணிக்கு இன்னொரு இடத்துக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். அந்த அறையில் ஒரே ஒரு ஃபேன். விண்டோஸின் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் உட்கார்ந்து நோண்டி டிரைவரைச் சரிசெய்வதைவிட டிஸ்க்கைக் கழற்றுவது சுலபம் என்று தோன்றியது. எது உண்மையான காரணம் என்று கேட்டால், நாளுக்கு ஒரு பதில் சொல்வேன்.

"பாய், இதை அஞ்சு நிமிஷம் அணைச்சிக்கிறேன்."

"அணைக்காதீங்க தம்பி. லாக்டவுன் முடிஞ்சு வந்து போட்டப்ப அரை நாள் எழுந்திருக்கவே இல்ல. அதுக்கப்புறம் நான் இதை அணைச்சதே கிடையாது. கரண்ட் போனாகூட யூபிஎஸ் தாங்கும், அதுக்குள்ள ஜெனரேட்டர் போட்டுடுவோம்."

"ஒண்ணும் ஆகாது பாய்."

வெறும் ரீஸ்டார்ட் என்றால் டிஸ்க்குக்கு வரும் கரண்ட் நிற்காது, சுற்றிக்கொண்டேதான் இருக்கும். நான் செய்தது ஷட் டவுன். வருஷக்கணக்காகச் சுற்றின டிஸ்க் ஒருமுறை நின்று ஆறினால் மறுபடி கிளம்பாமல் போகலாம் என்பது இந்தத் தொழிலில் சின்னப் பையனுக்கும் தெரியும். பாய் அதையேதான் தன் வார்த்தையில் சொன்னார். கணக்கு எழுதுகிறவர் சொன்னதால் அது எனக்கு எச்சரிக்கையாகக் கேட்கவில்லை, பயமாகக் கேட்டது.

80 ஜிபி, பழைய ஐடிஇ வகை டிஸ்க். கன்வர்ட்டரில் மாட்டினதும் டிக், டிக், டிக். பிறகு சத்தமே இல்லை. திரும்பப் பழைய கேபினெட்டிலேயே மாட்டினேன். அதே டிக். ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் லேசாகத் தட்டினேன். பாய் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "டீ சொல்லட்டா?" என்றார்.

அப்புறம் கையில் இருந்தது காலையில் எடுத்த, பூட் ஆகாத அந்த ஒரே காப்பி. நாலு மணிக்குச் செய்யாத வேலையை ஆறரைக்குச் செய்தேன். விஎச்டியைப் புது மெஷினில் மவுன்ட் செய்து, உள்ளே இருக்கும் சிஸ்டம் ஹைவை (ரெஜிஸ்ட்ரியின் ஒரு ஃபைல்) ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் ஏற்றினேன். அதில் கரன்ட்கன்ட்ரோல்செட் என்று தேடினால் கிடைக்காது, அது ஓடுகிற விண்டோஸில்தான் தோன்றும், கன்ட்ரோல்செட்001-க்குள்தான் போகவேண்டும். இன்டெல்ஐடிஇ, ஏடிஏபிஐ, பிசிஐஐடிஇ மூன்று டிரைவர்களும் பூட் நேரத்திலேயே ஏறும்படி ஸ்டார்ட் மதிப்பை 0 ஆக்கி, கிரிட்டிக்கல் டிவைஸ் டேட்டாபேஸில் பிஐஐஎக்ஸ்4-க்கான வரியைச் சேர்த்து, இல்லாத டிரைவர் ஃபைல்களை எக்ஸ்பியின் டிரைவர் கேப் தொகுப்பிலிருந்து எடுத்துப் போட்டேன். மைக்ரோசாஃப்டே 314082 என்ற எண்ணில் எழுதி வைத்த பழைய வைத்தியம்தான். இருபது நிமிஷம்கூட ஆகவில்லை.

எழுந்துவிட்டது. புது ஹார்டுவேர் கண்டுபிடித்தேன், கண்டுபிடித்தேன் என்று பலூன் மேல் பலூன். மூன்று நாளில் ஆக்டிவேட் செய் என்று ஒரு கெடு. ஃபாக்ஸ்ப்ரோ திறந்தது. கணக்கு காலை பத்தரை மணியில் நின்றிருந்தது.

அதாவது காப்பியில் ஒரு குறையும் இல்லை. என் சந்தேகம் தப்பு. டிஸ்க்கை அணைக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

பத்தரைக்கு அப்புறம் நாலு மணிவரை பாய் போட்டதெல்லாம் செத்த டிஸ்க்கோடு போச்சு. கேட் பாஸ் புத்தகத்தின் ரோஸ் கலர் கார்பன் காப்பிகளை வைத்துக்கொண்டு முதலிலிருந்து ஏற்ற ஆரம்பித்தார். நான் படிக்கிறேன் என்றேன். "உங்க கையெழுத்து இல்லையே, புரியாது" என்று வாங்கி வைத்துக்கொண்டார். காட்பாடிக்குப் போன் செய்து நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, நானும் சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்த நேரத்தில்தான் முதலாளி உள்ளே வந்து "என்னாச்சு?" என்று கேட்டார். நான் அந்த 'நல்லவேளை'யைச் சொன்னேன்.

எனக்குச் சாதகமாகவும் வாதம் இருக்கிறது. அந்த டிஸ்க் எப்படியும் போகத்தான் இருந்தது. ஜெனரேட்டர் கிளம்பாத ஒரு ராத்திரியில், காப்பியே இல்லாத நாளில் போயிருந்தால் மொத்தக் கணக்கும் போயிருக்கும். அந்தக் கணக்குப் பார்த்தால் முதலாளி சொன்னது சரி, கரெக்டான நேரத்தில்தான் போனேன். ஆனால் இந்த வாதத்தை நம்புகிற நாளில்கூட, பாய் சொன்னதை ஏன் முதலாளியிடம் சொல்லவில்லை என்பதற்கு அதில் பதில் இல்லை. "பாய் வேண்டாம்னார் சார், நான்தான் அணைச்சேன்." அஞ்சு வார்த்தை. முதலாளி கத்தியிருக்கமாட்டார். பேசினதைவிட இரண்டாயிரம் அதிகமாகக் கொடுத்தார், அது மட்டும் கிடைத்திருக்காது.

இரண்டாயிரத்தை வாங்கிக்கொண்டேன்.

பாய் ஏன் சொல்லவில்லை என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை. என்னைக் காப்பாற்றவா? அஞ்சரை மணி நேர வேலை போனதைச் சொன்னால் தன் தலையில் விழும் என்றா? முதலாளியிடம் யாரைப் பற்றியும் எதுவும் சொல்வதில்லை என்று ஒரு பழக்கமா? ஒருமுறை கேட்க வாயெடுத்தேன். "பாய், அன்னைக்கு நீங்க…" அவர் நடுவில் புகுந்து, பிரிண்டர் ரிப்பன் எந்தக் கடையில் மலிவாகக் கிடைக்கும் என்று கேட்டார். தெரிந்துதான் மாற்றினாரா, நிஜமாகவே ரிப்பன் தேவைப்பட்டதா, அதுவும் தெரியவில்லை.

புது கம்ப்யூட்டரின் ஸ்விட்ச் மேல் இப்போது ஒரு தாள் ஒட்டியிருக்கிறது, அவர் கையெழுத்தில்: 'அணைக்க வேண்டாம்.' இதைத் தினமும் அணைக்கலாம், இதில் இருப்பது சுற்றாத எஸ்எஸ்டி டிஸ்க், கூடவே ராத்திரி பேக்கப் தனியாக ஓடுகிறது என்று விளக்கினேன். "இருக்கட்டும் தம்பி" என்றார்.

அடுத்த வாரம் ஏஎம்சி (வருஷப் பராமரிப்பு ஒப்பந்தம்) ரெனியூவலுக்கு மேல்விஷாரம் போகவேண்டும். செக் எழுதுவது பாய்தான்.