தாது வருடப் பஞ்சத்துக்கு மூலம் தேடிய அனுபவம்

முதுகலை வரலாற்றின் இறுதிப் பருவத்தில், 1876–78ஆம் ஆண்டுகளில் சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தைப் பற்றி ஆய்வேடு எழுதினேன். முதல் மூன்று வாரங்கள் கூகுள் தேடலிலேயே கழிந்தன. நிவாரணப் பணிக்குத் தரப்பட்ட கூலியைப் பற்றிப் பல பக்கங்கள் கிடைத்தன. ஆனால் ஒன்றில் இருந்த பத்தியே எழுத்து மாறாமல் மற்றொன்றிலும் இருந்தது, அது முதலில் எங்கே அச்சானது என்பதை எதுவும் சொல்லவில்லை. நெறியாளர் அந்த இயலைத் திருப்பிக் கொடுத்து, ஒவ்வோர் எண்ணுக்கும் மூலம் கேட்டார்.

அதன் பிறகே இன்டர்நெட் ஆர்க்கைவ் மின்னூலகத்துக்குச் சென்றேன். பஞ்ச காலத்தில் சென்னையில் பத்திரிகை ஆசிரியராக இருந்த வில்லியம் டிக்பி அந்தப் பஞ்சத்தைப் பற்றி 1878இல் வெளியிட்ட நூலின் இரண்டு தொகுதிகளும் அங்கே முழுமையாகக் கிடைத்தன. 1877இல் இந்திய அரசு பஞ்ச நிலையைப் பார்வையிட அனுப்பிய ரிச்சர்டு டெம்பிள் நிவாரணப் பணியாளரின் நாள் கூலியை ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் என்று குறைத்ததையும், அந்த உணவில் உழைப்பவன் உடல் தாங்காது என்று சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்ததையும் சேர்த்துப் படித்தபோதுதான், இணையப் பக்கங்கள் வெறும் அளவாகச் சொல்லிக் கடந்தது அன்றைய அரசுக்குள்ளேயே நடந்த பெரும் வாதம் என்பது விளங்கியது. என் ஆய்வேட்டின் மைய இயல் அதிலிருந்தே உருவானது.

மின்னூலகத்தில் தேடுவதற்குத் தனிப் பழக்கம் வேண்டும். திருநெல்வேலி என்று இன்றைய எழுத்துக்கூட்டலில் தேடினால் அக்கால ஆங்கில அறிக்கைகள் அகப்படுவதில்லை. அவற்றில் அது ‘டின்னவெல்லி’. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்கள் பல பக்கப் படங்களாகவே இருப்பதால், நூற்பெயரையோ ஆசிரியர் பெயரையோ முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். தேடுபொறி எனக்கு உண்மையில் உதவியது இங்கேதான்: பெயர்களையும் பதவிகளையும் பழைய எழுத்துக்கூட்டல்களையும் அதில் திரட்டிக்கொண்டு, படிப்பதற்கு நூலகத்துக்குச் சென்றேன். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையத் தொகுப்பான சோத்கங்காவில் உள்ள முனைவர் பட்ட ஆய்வேடுகளில் துணைநூற்பட்டியலை முதலில் பார்ப்பதும் மிகுந்த பயன் தரும்.

குறிப்பு எடுக்கும்போது, திரையில் தெரியும் கோப்பின் பக்க எண்ணை எழுதாமல் நூலில் அச்சிட்டிருக்கும் பக்க எண்ணையே எழுதுங்கள். முன்னுரைப் பக்கங்களால் இரண்டும் வேறுபடும். நான் அடிக்குறிப்புகள் அனைத்தையும் இதற்காகவே இரண்டாம் முறை சரிபார்க்க நேர்ந்தது.