லண்டன் வீட்டுக்கு எலி நோட்டீஸ் வந்தால்: குழாய் யாருடையது என்று பாருங்கள்

கிழக்கு லண்டனில், ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய பழைய வீட்டு வரிசையில் எங்களுடையதும் ஒன்று. பின் வளவில் எலி ஓடுகிறது என்று யாரோ முறையிட, உள்ளூராட்சிக் கவுன்சில் அதிகாரி வந்து பார்த்தார். பிறகு நோட்டீஸ் வந்தது. 1949ஆம் ஆண்டின் பீடைச் சேதத் தடுப்புச் சட்டம், நான்காம் பிரிவு. சொன்ன தவணைக்குள் வீட்டுக்காரரோ குடியிருப்பவரோ எலியை ஒழிக்க வேண்டும். செய்யாவிட்டால் கவுன்சிலே ஆள் வைத்துச் செய்து, செலவை நம்மிடம் அறவிடலாம்.

பயப்படத் தேவையில்லை, ஆனால் கிடப்பில் போடவும் கூடாது. உடனே அதிகாரிக்குப் போன் எடுத்துக் கதைத்தேன். ஷெட்டுக்கு அடியில் கிடந்த பலகை, பறவைக்குத் தீனி வைக்கும் தட்டு எல்லாவற்றையும் அகற்றச் சொன்னார். அது சுலபமாக முடிந்தது.

எலி பிடிக்க வந்தவர் நல்ல அனுபவசாலி. மருந்து வைப்பதற்கு முன் வளையைத் தேடினார். மேன்ஹோலுக்குப் பக்கத்தில், சுவரோரம் ஒரு வளை. வாய் வழவழவென்று தேய்ந்து, புது மண் வெளியே கிடந்தது. கசக்கிய பேப்பரை உள்ளே அடைத்துவிட்டுப் போனார். மறுநாள் பேப்பர் வெளியே. எலி கழிவுக்குழாயில் இருந்துதான் வருகிறது, குழாயைத் திருத்தாமல் மருந்து மட்டும் வைத்தால் திரும்பவும் வரும் என்றார்.

குழாய்க்குள் கமரா விட்டுப் பார்த்தால், பழைய சுட்டமண் குழாயில் ஒரு மூட்டு விலகிக் கிடக்கிறது.

இதைத்தான் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். எல்லைக்குள் உங்கள் வீட்டுக்கு மட்டும் ஓடும் குழாய் என்றால் செலவு உங்களுடையது. பக்கத்து வீட்டுக் கழிவும் சேர்ந்து ஓடினால், எங்களுடையது போன்ற பழைய வீடுகளில், குழாய் உங்கள் வளவுக்குள்ளேயே இருந்தாலும் 2011 ஒக்டோபர் 1 முதல் அது கழிவுநீர் நிறுவனத்தின் பொறுப்பு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இதுதான் விதி.

அது தங்கள் பொறுப்பு இல்லை என்று முதலில் நிறுவனம் மறுத்தது. இரண்டு வீட்டுக் கழிவும் அதில்தான் ஓடுகிறது என்று காட்ட, பக்கத்து வீட்டு அன்ரி தன் குசினி சிங்க்கில் கேசரிப் பவுடரைக் கரைத்து ஊற்றினார். கொஞ்ச நேரத்தில் எங்கள் மேன்ஹோலுக்குள் செம்மஞ்சள் தண்ணீர் ஓடியது. அந்த வீடியோவையும் கமரா ரிப்போர்ட்டையும் அனுப்பினேன். அப்புறம் ஒத்துக்கொண்டு, தோண்டி, குழாயை மாற்றித் தந்தார்கள். அதுவரை தவணையை நீட்டச் சொல்லிக் கவுன்சிலுக்கு எழுதியிருந்தேன். மறுக்கவில்லை.

வீடு விற்கும்போது, வாங்குபவரின் சொலிசிற்றர் (வழக்கறிஞர்) இப்படியான நோட்டீஸ் ஏதும் வந்ததா என்று கேட்பார். அதனால், விஷயம் முடிந்தது என்று கவுன்சிலிடம் எழுத்தில் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.